கருப்பை, கத்தோலிக்கம், காசு: டெக்சாஸ் எல்லையோரத்து வரலாறு ஒன்று

1977 அக்டோபர் 3ஆம் தேதி, டெக்சாஸ் மாநிலத்தின் தெற்கு எல்லையில், மெக்அல்லன் என்ற ஊரில் ரோஸி ஹிமெனெஸ் செத்துப்போனார். வயது 27. மெக்ஸிக வம்சாவளி. ஊர் ஊராகப் போய் வயல்வேலை செய்து பிழைத்த குடும்பம். சின்னப் பெண் குழந்தை ஒன்றைத் தனியாக வளர்த்துக்கொண்டு ஆசிரியப் படிப்பு படித்துக்கொண்டிருந்தார். முடிக்க இன்னும் ஆறு மாதம். அவருடைய கைப்பையில் 700 டாலருக்கான கல்வி உதவித்தொகைக் காசோலை மாற்றப்படாமல் இருந்தது. அதை உடைத்திருந்தால் முறையான மருத்துவரிடம் போயிருக்கலாம். படிப்புக் காசை அவர் தொடவில்லை. மலிவாகச் செய்பவரிடம் போனார். கிருமித் தொற்று ஏறி, உடல் உறுப்புகள் ஒவ்வொன்றாக நின்றன.

கருக்கலைப்பு அப்போது அமெரிக்காவில் சட்டப்படி உரிமை. 1973இல் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பைக் கொடுத்ததே டெக்சாஸ் சட்டத்தை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கில்தான். பிறகு ஏன் செத்தார்? 1976இல் ஹென்றி ஹைட் என்ற இல்லினாய் காங்கிரஸ் உறுப்பினர் நிதி ஒதுக்கீட்டு மசோதாவில் ஒரு திருத்தத்தைச் செருகினார். ஏழைகளுக்கான அரசு மருத்துவ உதவியான மெடிக்கெய்டிலிருந்து கருக்கலைப்புக்குக் காசு போகக்கூடாது. அவ்வளவுதான். நீதிமன்றத் தடை நீங்கி 1977 ஆகஸ்டில் அது நடைமுறைக்கு வந்தது; இரண்டே மாதத்தில் ரோஸி. ஹைட் ஒன்றும் மறைத்துப் பேசியவரல்ல. பணக்காரி, நடுத்தர வர்க்கத்துப் பெண், ஏழை, யார் செய்துகொண்டாலும் தடுக்கத்தான் ஆசை, ஆனால் கைக்கு எட்டியது மெடிக்கெய்டு மட்டும்தான் என்று அவையிலேயே சொன்னார். ஜனநாயகக் கட்சி ஜனாதிபதி கார்ட்டரோ, பணக்காரர்களுக்குக் கிடைக்கிற பல விஷயங்கள் ஏழைகளுக்குக் கிடைப்பதில்லை, வாழ்க்கையில் எல்லாம் நியாயமாக இருக்குமா என்கிற தொனியில் பதில் சொல்லி முடித்துக்கொண்டார். 1980இல் உச்சநீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ஹைட் திருத்தத்தைச் செல்லும் என்றது.

இன்னொரு விஷயமும் கவனிக்கணும். ரோஸி பாலத்தைத் தாண்டி மெக்ஸிகோவுக்குப் போய்ச் செய்துகொண்டார் என்றுதான் முதலில் பேசப்பட்டது. அழுக்கு, ஆபத்து, சாவு எல்லாம் ஆற்றுக்கு அந்தப்புறம். இந்தப்புறம் சட்டம், சுகாதாரம். எல்லை குறித்த சொல்லாடல் எப்போதும் இப்படித்தான் கட்டமைக்கப்படுகிறது. எல்லன் ஃபிராங்க்ஃபர்ட் என்ற பத்திரிகையாளர் ஊருக்கே போய் விசாரித்து 1979இல் புத்தகமாக எழுதினார்: நடந்தது மெக்அல்லனிலேயே.

இந்தச் சாவை முன்னால் வைத்துக்கொண்டுதான் ஒரு 'பொதுப்புத்தி'யை விசாரிக்க வேண்டியிருக்கிறது. லத்தீனோக்கள் கத்தோலிக்கர்கள், குடும்பம் என்றால் உயிரை விடுபவர்கள், ஆகவே அவர்களின் பிரதிநிதிகள் கருக்கலைப்பை எதிர்த்து வாக்களிப்பது இயற்கை. தென் டெக்சாஸ் அரசியல்வாதிகள் இதைச் சொன்னார்கள். வாஷிங்டன் தலைவர்கள் சொன்னார்கள். முற்போக்குப் பத்திரிகைகளும் ஒப்பித்தன. 'பண்பாடு' என்ற ஒற்றைச் சொல்லில் கணக்கு முடிந்துபோகும்.

ஆனால் அந்தப் பண்பாட்டுக்குள் இருந்த பெண்கள் என்ன சொன்னார்கள்? ரோஸி சாவதற்கு ஆறு வருஷம் முன்னால், 1971 மே மாதம், ஹூஸ்டனில் மெக்ஸிக-அமெரிக்கப் பெண்களின் மாநாடு நடந்தது. சுமார் 600 பேர். உச்சநீதிமன்றத் தீர்ப்புக்கு இரண்டு வருஷம் முன்பே, இலவசமான, சட்டப்படியான கருக்கலைப்பு வேண்டும், அது எங்கள் சமூகத்துப் பெண்களின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். மாநாட்டில் ஒரு பெரும்பகுதி வெளிநடப்புச் செய்ததும் உண்மை. சண்டை இருந்தது. சண்டை இருக்கிற இடத்தை 'ஒரே குரல்' என்று காட்டுவதில்தானே அதிகாரம் வேலை செய்கிறது? தீர்மானத்தின் இரண்டாவது பாதியையும் விட்டுவிடக்கூடாது. அதே ஆண்டுகளில் லாஸ் ஏஞ்சல்ஸ் அரசு மருத்துவமனையில், பிரசவ வலியில் கிடந்த மெக்ஸிகப் பெண்களிடம் ஆங்கிலக் காகிதத்தில் கையெழுத்து வாங்கிக் கருத்தடை அறுவை செய்தார்கள். வழக்குப் போட்ட பெண்கள் 1978இல் தோற்றார்கள். பெறும் உரிமை, பெறாத உரிமை இரண்டையும் ஒருசேரக் கேட்டவர்கள் இவர்கள். இவர்களை 'கத்தோலிக்கக் குடும்பப் பெண்' என்ற சட்டகத்துக்குள் அடைப்பது யாருக்கு வசதி?

இங்கேதான் காசு வருகிறது.

ரியோ கிராண்டே நதிக்கரை மாவட்டங்களில் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் காலம் ஜனநாயகக் கட்சியின் ஆதிக்கம்தான் இருந்தது. ஆகவே நிஜமான தேர்தல் கட்சிக்குள் நடக்கும் வேட்பாளர் தேர்வாகத்தான் இருந்தது. அதில் வந்து ஓட்டுப் போடுபவர்கள் கொஞ்சம் பேர். பழைய காலத்தில் 'பத்ரோன்' என்று ஒரு ஆள் இருப்பான்: நிலக்காரன், சாராயக்காரன், மாவட்ட நீதிபதி, எல்லாம் அவனே. வாக்குவரி இருந்த காலம் (டெக்சாஸில் 1902 முதல் 1966 வரை). கூலிக்காரர்களின் வரியை அவனே கட்டி, ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு, ஓட்டை மொத்தமாகத் தூக்கிக் கொடுப்பான். 1948இல் லிண்டன் ஜான்சன் செனட்டரானது இந்தப் பகுதியில் ஒரே ஒரு பெட்டியில், பதின்மூன்றாம் எண் பெட்டியில், பிந்தி முளைத்த 202 ஓட்டுகளால். வித்தியாசம் 87. குடியுரிமை இயக்கமும் அறுபதுகளின் எழுச்சியும் பத்ரோனை ஒழித்தன என்று பாடப்புத்தகம் சொல்லும். பத்ரோன் வேறு உருவம் எடுத்துக்கொண்டான் என்பது என் வாசிப்பு. நன்கொடையாளனுக்கு முகம் தேவையில்லை, அந்த ஊரில் குடியிருக்கவும் வேண்டியதில்லை.

பிரௌன்ஸ்வில் ஊர்க்காரர் எடி லூசியோ. 1991 முதல் 2023 தொடக்கம் வரை மாநில செனட்டர், ஜனநாயகக் கட்சி. பக்தியுள்ள கத்தோலிக்கர், அவரது நம்பிக்கையை நான் சந்தேகிக்கவில்லை. 2013இல் கருக்கலைப்புக் கிளினிக்குகளைத் தொழில்நுட்ப விதிகளால் மூடவைக்கும் சட்டம் வந்தது. ஜூன் 25 இரவு வெண்டி டேவிஸ் மணிக்கணக்கில் நின்று பேசித் தடுத்ததும், அப்பாவின் அடக்கத்தை முடித்துவிட்டு அன்றைக்கே திரும்பிய சான் அன்டோனியோ செனட்டர் லெட்டீசியா வான் டி புட்டே, ஒரு பெண் உறுப்பினர் எவ்வளவு உரக்கக் கத்தினால்தான் ஆண்களுக்கு நடுவே காதில் விழும் என்ற பொருளில் கேட்டதும், மாடத்தில் எழுந்த கூச்சல் நள்ளிரவு தாண்டியும் ஓயாததும் பலரும் அறிந்தவை. அவரும் லத்தீனோதான், அவரும் கத்தோலிக்கர்தான். ஜூலையில் அதே சட்டம் திரும்ப வந்து 19-11 என்று நிறைவேறியபோது ஆதரித்த ஒரே ஜனநாயகக் கட்சி உறுப்பினர் லூசியோ. அடுத்த ஆண்டு மார்ச்சில் பள்ளத்தாக்கின் ஒரே கிளினிக், ரோஸியின் ஊரான மெக்அல்லனில் இருந்தது, மூடப்பட்டது. செப்டம்பரில் நீதிமன்ற உத்தரவால் திறந்தது. அது இல்லாவிட்டால் அடுத்த கிளினிக் சான் அன்டோனியோவில், சுமார் 235 மைல். தூரம் மட்டுமா? வடக்கே போகிற சாலையில் ஃபல்ஃபூரியாஸில் எல்லைக் காவலர்களின் சோதனைச்சாவடி இருக்கிறது. காகிதம் இல்லாத பெண் அதைத் தாண்ட முடியாது. ஆற்றுக்கும் சாவடிக்கும் நடுவில் ஒரு பட்டி. உள்ளே இருப்பவளுக்கு உச்சநீதிமன்றம் என்ன தீர்ப்புக் கொடுத்தால் என்ன?

லூசியோவை 2020இல் கட்சித் தேர்தலில் தோற்கடிக்கப் பெண்கள் அமைப்புகள் முயன்றன. அவரைத் தூக்கிப்பிடித்த காசில் முக்கியமானது ஹூஸ்டன் முதலாளிகளின் 'வழக்குச் சீர்திருத்தத்துக்கான டெக்சாஸ்காரர்கள்' என்ற அமைப்பினுடையது. 1994இல் தொடங்கியது. நோக்கம் ஒன்றுதான்: சாதாரண ஆட்கள் கம்பெனிகள்மேலும் மருத்துவமனைகள்மேலும் நஷ்டஈட்டு வழக்குப் போடுவதைக் குறைப்பது. 2003இல் மருத்துவத் தவறுகளில் வலி, வேதனைக்கான நஷ்டஈட்டுக்கு மருத்துவர்மேல் 250,000 டாலர் உச்சவரம்பு கொண்டுவந்த சட்டத்தில் அவர்கள் கை பெரிது. மாநில வேட்பாளருக்குத் தனியாள் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்பது டெக்சாஸ் சட்டம். கருக்கலைப்பு அவர்கள் விஷயமே அல்ல. லூசியோ ஜெயித்தார். 2021இல் எஸ்பி 8 வந்தது: ஆறு வாரத்துக்கு மேல் கருக்கலைப்புக்கு உதவியவர் யாராக இருந்தாலும், எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு ஆள் வழக்குப் போட்டு குறைந்தது 10,000 டாலர் வாங்கிக்கொள்ளலாம். டாக்டர்மேல், நர்ஸ்மேல், காரில் கொண்டுபோய் விட்டவர்மேல்கூட. செனட்டில் ஆதரித்த ஒரே ஜனநாயகக் கட்சிக்காரர் மறுபடியும் லூசியோ. வழக்குகளைக் குறைக்கவென்று செலவழித்த காசு உட்காரவைத்த ஆள், ஊரில் உள்ளவன் எல்லாம் வழக்குப் போடலாம் என்கிற சட்டத்துக்குக் கை தூக்கினார். பாருங்க, இதைவிட வெளிப்படையாக ஒரு வரலாறு தன்னைத்தானே கேலி செய்துகொள்ள முடியுமா?

இதிலிருந்து நான் பெறுவது இது: காசு கொடுத்து மதநம்பிக்கையை வாங்கினார்கள் என்பது சோம்பேறித்தனமான குற்றச்சாட்டு. பல நம்பிக்கைகள் கொண்ட ஆட்கள் ஊரில் இருக்கிறார்கள்; அவர்களில் எவர் அவைக்குப் போவார் என்பதைத்தான் காசு தீர்மானிக்கிறது. கொடுப்பவனுக்கு எண்ணெய் வேண்டும், வழக்கு வேண்டாம், அயலுறவில் ஒரு ஓட்டு வேண்டும். பெண்ணின் கருப்பை அந்த வியாபாரத்தில் கொசுறு. கொசுறாகப் போனது என்பதால் யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை, 'பண்பாடு' பொறுப்பேற்றுக்கொள்ளும்.

லரேடோ கதையில் இது இன்னும் துலக்கம். ஹென்றி குவெய்யார், 1955இல் புலம்பெயர் வயல்கூலிகளுக்குப் பிறந்தவர், 2005 முதல் காங்கிரஸில். எண்ணெய், எரிவாயுக் கம்பெனிகள் தாராளமாகக் கொடுத்த ஜனநாயகக் கட்சிக்காரர்களில் ஒருவர். 2021 செப்டம்பர் 24 அன்று கருக்கலைப்பு உரிமையை நாடு முழுமைக்கும் சட்டமாக்கும் மசோதா கீழவையில் 218-211 என நிறைவேறியது. எதிர்த்த ஒரே ஜனநாயகக் கட்சிக்காரர் குவெய்யார். அவையிலிருந்த மற்ற ஜனநாயகக் கட்சி லத்தீனோக்கள் யாரும் எதிர்க்கவில்லை என்பதை எழுத ஏனோ பலருக்கும் மறந்துபோகிறது.

அவரை எதிர்த்து நின்றவர் ஜெசிக்கா சிஸ்னெரோஸ், குடிவரவு வழக்கறிஞர், லரேடோவிலேயே பிறந்தவர், ஒருகாலத்தில் குவெய்யார் அலுவலகத்திலேயே பயிற்சி பெற்றவர். 2020இல் கொஞ்சத்தில் தோற்றார். 2022 மார்ச் 1 முதல் சுற்றில் யாருக்கும் பாதி கிடைக்கவில்லை. மே 24 மறுசுற்று. நடுவில் நடந்ததைப் பாருங்கள். ஏப்ரலில், அதே தொகுதிக்குள் இருக்கும் ஸ்டார் மாவட்டத்தில், தானே கருவைக் கலைத்துக்கொண்டதாக 26 வயதுப் பெண்ணைக் கொலைக் குற்றத்தில் கைது செய்து 500,000 டாலர் ஜாமீன் கேட்டார்கள். அப்படி ஒரு குற்றமே சட்டத்தில் இல்லை என்று பிறகு வழக்கைக் கைவிட்டார்கள். மே 2 இரவு, 1973 தீர்ப்பை ரத்துசெய்யும் வரைவு வெளியே கசிந்தது. மே 4, கட்சியின் மூன்றாம் நிலைத் தலைவர் கிளைபர்ன் சான் அன்டோனியோவுக்கு வந்து குவெய்யாருக்காகப் பேசினார். கருக்கலைப்பு உரிமைக்காக வாழ்நாளெல்லாம் பேசிய சபாநாயகர் பெலோசியின் பதிவுசெய்த குரல் வாக்காளர் வீட்டுத் தொலைபேசிகளில் குவெய்யாருக்கு ஓட்டுக் கேட்டது. இஸ்ரேல் ஆதரவு அமைப்பான ஏஐபாக் அந்த ஆண்டுத் தேர்தல்களுக்கென்று உருவாக்கிய சூப்பர் பாக் சிஸ்னெரோஸுக்கு எதிராகச் செலவழித்தது சுமார் 18 லட்சம் டாலர். அந்த ஆண்டு அது வெளியிட்ட விளம்பரங்களில் பெரும்பாலும் இஸ்ரேல் என்ற சொல்லே இருக்காது. இப்படி வரம்பில்லாமல் செலவழிக்கும் வழி 2010இன் நீதிமன்றத் தீர்ப்புகளால் திறந்தது.

அதுசரி, சிஸ்னெரோஸ் பக்கம் வெளிக்காசு இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. எமிலிஸ் லிஸ்ட், பிளான்ட் பேரன்ட்ஹுட் போன்ற வாஷிங்டன் அமைப்புகளும் லட்சக்கணக்கில் இறக்கின. தேர்தல் வந்தால் மட்டும் பள்ளத்தாக்கு ஞாபகம் வருகிற இந்த அமைப்புகள்மேல் அந்தப் பகுதிப் பெண்களுக்கு மனவருத்தம் இருப்பதில் நியாயம் உண்டு. 2011இல் மாநில அரசு குடும்பநலத் திட்ட நிதியில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டியபோது ஊரில் இருந்து வீடு வீடாக ஏறி இறங்கியவர்கள் லத்தீனா அமைப்புகளின் உள்ளூர்ப் பெண்கள்தான். ஆனால் இந்தப் பக்கத்துக் காசு எதற்கு வந்தது என்பதை அதன் நெற்றியிலேயே எழுதி ஒட்டியிருந்தது. அந்தப் பக்கத்துக் காசில் அப்படி எந்தச் சீட்டும் இல்லை.

விழுந்தவை சுமார் 45,000 ஓட்டுகள். மறுஎண்ணிக்கை ஜூன் 21 அன்று முடிந்தது. வித்தியாசம் 289. மூன்று நாள் கழித்து, ஜூன் 24, உச்சநீதிமன்றம் தீர்ப்பை அதிகாரபூர்வமாக ரத்துசெய்தது. ஜூலை 15 அதே மசோதா மறுபடியும் கீழவைக்கு வந்தது. எதிர்த்த ஒரே ஜனநாயகக் கட்சிக்காரர் மறுபடியும் குவெய்யார். அதே 2022இல் பியூ ஆய்வு நிறுவனம் நாடு முழுக்கக் கேட்டபோது, லத்தீனோக்களில் பத்துக்கு ஆறு பேர் கருக்கலைப்பு எல்லா அல்லது பெரும்பாலான சூழல்களிலும் சட்டப்படி இருக்க வேண்டும் என்றார்கள்.

பிற்கதை சுருக்கம். 2024 மே மாதம், அஜர்பைஜான் அரசு எண்ணெய்க் கம்பெனி ஒன்றிடமிருந்தும் மெக்ஸிக வங்கி ஒன்றிடமிருந்தும் சுமார் 600,000 டாலர் லஞ்சம் வாங்கியதாகக் குவெய்யார்மேலும் மனைவிமேலும் மத்திய அரசு வழக்குப் போட்டது. இருவரும் மறுத்தார்கள். நவம்பரில் அவர் மறுபடியும் ஜெயித்தார். 2025 டிசம்பரில், வழக்கு விசாரணைக்கு வருமுன், டிரம்ப் மன்னிப்பு வழங்கினார்.

மெக்அல்லன் கிளினிக் 2022இல் மூடியது. கட்டடத்தை வாங்கியவர்கள் கருக்கலைப்பை எதிர்க்கும் அமைப்பினர். ரோஸியைக் கொன்ற திருத்தம் 1976க்குப் பிறகு ஒவ்வொரு ஆண்டும் நிதி மசோதாவோடு ஏதாவது ஒரு வடிவில் சேர்ந்தே வந்துகொண்டிருக்கிறது. அந்த மசோதாக்களை எழுதும் ஒதுக்கீட்டுக் குழுவில்தான் குவெய்யாருக்கும் நாற்காலி.