யாப்பகூவவிலிருந்து கெய்ரோவுக்கு

நோர்வூட்டிலிருந்து இருட்டோடு புறப்பட்ட எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் யாப்பகூவ போய்ச் சேர்ந்தபோது நல்ல வெயில். எங்கள் காலத்துப் பத்து ரூபாத் தாளில் கண்ட கற்சிங்கத்தைக் காட்டி, அரசர்களின் கதையைச் சொல்லி முடித்தேன். தரம் எட்டுப் பையன் ஒருவன் மெல்லக் கேட்டான்: "சேர், இந்தக் கதையில நம்ம ஆளுங்க யாருமே இல்லையா?"

இருக்கிறார். பாடநூலின் அந்தப் பக்கத்தில்தான் இல்லை.

குருநாகல் மாவட்டத்தில், மாகோவுக்கு அருகே, சுமார் 90 மீற்றர் உயர்ந்து நிற்கிறது இந்தப் பாறை. 1215இல் கலிங்க மாகன் பொலன்னறுவையைக் கைப்பற்றிய பின், சிங்களப் பிரதானிகள் மலைகளில் அரண் அமைத்துக்கொண்டார்கள். அவர்களுள் சுப என்னும் சேனாதிபதி இங்கே தங்கினான் என்று சூளவம்சம் சொல்கிறது. சுபகிரி என்னும் பெயரும் இதற்கு உண்டு. பின்னர் தம்பதெனிய மன்னன் இரண்டாம் பராக்கிரமபாகுவின் மகன் இதைக் காத்து நின்றான். அவனே 1272இல் முதலாம் புவனேகபாகுவாக அரசேறி, இதைத் தலைநகராக்கினான்.

அம்மன்னனின் தூதுக்குழு ஹோர்முஸ், பக்தாத் வழியாக, ஹிஜ்ரி 682 முஹர்ரம் மாதத்தில், அதாவது 1283 ஏப்ரலில், கெய்ரோ சென்றடைந்தது. மம்லூக் சுல்தான் கலாவூனிடம் போன அக்குழுவின் தலைவர் ஹாஜி அபூ உத்மான் என்று அரபு வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். பொற்பேழையில் வைத்துக் கொடுத்த கடிதத்தை வாசிக்கக் கெய்ரோவில் ஒருவருமில்லை. தூதுவர்களே அதன் பொருளை வாயால் எடுத்துரைத்தார்கள். முத்து, மாணிக்கம், யானை, கறுவா எல்லாம் எம்மிடம் உண்டு; இரத்தினங்கள் நிறைந்த 27 கோட்டைகள் உண்டு; உங்கள் வணிகர்கள் தடையின்றி வரலாம்; யெமன் அரசரின் நட்பைக்கூட உங்களுக்காக மறுத்துவிட்டோம் என்பதே செய்தி. பௌத்த மன்னனின் சொல்லை முஸ்லிம் ஒருவரின் நா சுமந்து சென்றது.

இதை வைத்து நாம் மார்தட்டிக்கொள்ளத் தேவையில்லை. அதே காலத்தில் பாண்டியர் பக்கத்தில், காயல் துறையைக் கவனித்த தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் அமைச்சராக இருந்தார். புவனேகபாகுவின் ஆட்சி முடிவையொட்டி, பாண்டியரின் படைத்தலைவன் ஆரியச்சக்கரவர்த்தி யாப்பகூவவைச் சூறையாடிப் புனித தந்ததாதுவையும் கொண்டுபோனான். பகைகொண்ட இரண்டு அரசுகளிலும் முஸ்லிம்கள் நம்பிக்கைக்குரிய பதவிகளில் இருந்தார்கள். அரசர்களின் சண்டை மதத்தின் பெயரால் நடக்கவில்லை.

திரும்பும் வழியில், பஸ்ஸில் அந்தப் பையனைப் பக்கத்தில் இருத்தி இதையெல்லாம் சொன்னேன். சிறிது யோசித்து, "அப்ப அந்த ஹாஜியார் எந்த நாட்டுக்காரரா போனாரு சேர்?" என்றான்.

"இந்த நாட்டுக்காக, மகன்" என்றேன்.

இந்தப் பாடத்தை இனி நடத்தும்போதெல்லாம் கரும்பலகையில் ஒரு வரி கூடுதலாக எழுதுவேன்: 1283, ஹாஜி அபூ உத்மான், யாப்பகூவவிலிருந்து கெய்ரோ. பரீட்சைக்கு வராது. ஆனாலும் எல்லாப் பிள்ளைகளும் எழுதிக்கொள்ளட்டும்.