மின்கம்பிப் பணியாளர் பயிற்சி: ஒரு வரலாற்று நோக்கு

மின்சாரத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் அணைகளையும் சுழலிகளையும், அவற்றைத் திட்டமிட்ட பொறியியலாளரையும், திறந்துவைத்த அமைச்சரையும் பற்றியே விரித்துரைத்துள்ளனர். மலைச்சாரலிற் பிறந்த மின்சாரத்தைப் பல மைல்களுக்கு அப்பாலுள்ள நகருக்கு ஏந்திச் செல்லும் கம்பியைக் கட்டியவர் யாவர், அத்தொழிலை அவர் எங்குக் கற்றார், அவருக்குக் கற்பித்தவர் யார் என்னும் வினாக்களுக்கு அந்நூல்களில் விடை காண்டல் அரிது. அணை ஒருமுறை கட்டப்பட்டால் நிலைத்து நிற்கும். கம்பியாளனின் தொழிலறிவோ ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகக் கற்றாலன்றி நில்லாது. கற்பிக்கும் ஏற்பாடு எப்பொழுது குலைகின்றதோ அப்பொழுதே அது மறையத் தொடங்கும். இலங்கையிலும் அயல்நாட்டிலும் இவ்வேற்பாடு எவ்வாறு தோன்றியது, எங்கெங்கே தளர்ந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மட்டக்களப்பு வாவியின் மேற்கரையாகிய படுவான்கரையில் வாழ்வோர்க்கு இஃது அயலார் செய்தியன்று. கொக்கட்டிச்சோலையிலிருந்து எழுவான்கரைக்குச் செல்ல மண்முனைத் துறையிற் ‘பாதை’ என வழங்கும் மிதவையை எதிர்நோக்கி நின்ற காலம் 2014இற் பாலம் திறக்கப்பட்டதோடு முடிந்தது. அயற் பிரிவாகிய வவுணதீவில் 132 கிலோவோல்ற்று அழுத்தத்தை 33 கிலோவோல்ற்றாகக் குறைக்கும் துணைமின்நிலையம் இருக்கின்றது. வயல்வெளிகளுக்கு மேலாக நிரைநிரையாகச் செல்லும் இரும்புக் கோபுரங்களை எம் மாணவர் நாள்தோறும் காண்கின்றனர். கோபுரம் என்றவுடன் தான்தோன்றீச்சரரின் ஆலயத்தை நினைக்கும் ஊரில், இவ்விரும்புக் கோபுரத்தில் ஏறுபவனைப் பற்றி வினாவுவோர் மிகச் சிலரே.

வரலாற்றினுட் புகுமுன், கற்கவேண்டிய தொழில் யாது என்பதைச் சிறிது அறிந்துகொள்ளல் வேண்டும். மக்கள் ‘லைன்மன்’ என்று ஒரே பெயரால் அழைப்பினும், வீதியோரக் கம்பத்தில் வேலை செய்பவனும் உயரழுத்தக் கோபுரத்தில் வேலை செய்பவனும் கற்பவை ஒன்றல்ல. கோபுரம் எழுப்புவோர் முதலில் நான்கு கால்களுக்குமான அடித்தளத்தை அளவு பிசகாது பதித்தல் வேண்டும். ஒரு கால் சற்றே விலகினாலும் மேலே செல்லச் செல்லத் துளைகள் ஒன்றோடொன்று பொருந்தா. பின்னர், கட்டி முடிந்த பகுதியிலேயே ஒரு நெடுங்கம்பத்தைப் பிணைத்து, கப்பியும் கயிறும் கொண்டு அடுத்த பகுதியை மேலேற்றுவர். தேர்வடம் பிடிப்பார்போல் கீழிருந்து இழுப்போர் பலராயினும் மேலிருந்து சைகை காட்டுபவன் ஒருவனே. அவன் கையசைவைப் படிக்கத் தெரியாதவன் அக்குழுவில் நிற்கத் தகுதியற்றவன்.

கம்பி இழுத்தல் இதனினும் நுட்பமானது. அது செம்புக் கம்பியன்று. நடுவே உருக்கு இழைகளும் சுற்றிலும் அலுமினிய இழைகளும் முறுக்கப்பட்ட வடம். ஆங்கிலேயர் இவ்வடங்களுக்கு விலங்குகளின் பெயரைச் சூட்டியிருப்பது வேடிக்கையானது. ‘லிங்ஸ்’ என்பது 7 உருக்கிழைகளைச் சுற்றி 30 அலுமினிய இழைகள் கொண்டது. ‘சீப்ரா’ 7ஐச் சுற்றி 54 கொண்டது. கோபுரத்திற்குக் கோபுரம் 300 மீற்றர் அளவு இடைவெளியில் இவ்வடம் தொங்கும்போது நடுவிற் பல மீற்றர் தொய்ந்திருத்தல் வேண்டும். நண்பகல் வெயிலில் உலோகம் நீள்வதால் தொய்வு மிகும். மார்கழிக் குளிரில் அது சுருங்கிக் கோபுரத்தை இழுக்கும். ஆகவே இழுக்கும் வேளையின் வெப்பநிலையை அளந்து, அட்டவணையைப் பார்த்து, அதற்குரிய இழுவிசையைத் தேர்ந்துகொள்வர். கூடுதலாக இறுக்கியவன் பிழையைக் குளிர்காலமும், கூடுதலாகத் தளர்த்தியவன் பிழையைக் கோடையும் வெளிப்படுத்தும். 132 கிலோவோல்ற்றுக் கம்பியைத் தாங்கும் காவலித் தொடரில் ஒன்பது அல்லது பத்துத் தட்டுகள் கோக்கப்பட்டிருக்கும். அவற்றுள் விரிசல் கண்ட தட்டைத் தரையிலிருந்தே இனங்காணுதலும், கடற்காற்றின் உப்புப் படிந்த தட்டுகளைக் கழுவுதலும் பராமரிப்போர் கடன். எம்மைப்போல் வாவியும் கடலும் சூழ்ந்த நாட்டில் அவ்வுப்பு ஒரு சிறு செய்தியன்று. ஈரம் பட்ட உப்பு மின்னைக் கடத்துமாதலால், காவலி பெயரளவிலேயே காவலியாக நின்றுவிடும்.

இவை யாவற்றிலும் முதன்மையானது உயிர் காக்கும் ஒழுங்கு. கம்பியில் மின்சாரத்தைத் துண்டித்தல், துண்டிக்கப்பட்டதென்று கருவியாற் சோதித்தறிதல், வேலை நடக்கும் இடத்தின் இருபுறத்தும் புவித்தொடுப்புச் செய்தல், எழுத்தில் அனுமதி பெறுதல் என்னும் வரிசை ஒருபோதும் மாறலாகாது. துண்டித்தபின்னும் புவித்தொடுப்பு எதற்கு என்று கேட்பவன் இன்னும் பாதியே கற்றவன். அருகே ஓடும் மற்றொரு கம்பித் தொடரின் தூண்டலாலே, இறந்த கம்பியிலும் கொல்லும் அழுத்தம் பிறக்கக்கூடும். தொலைவில் இடிக்கும் மின்னலும் அவ்வாறே.

இவ்வொழுங்கு எந்நூலிலும் முன்னரே எழுதப்பட்டிருந்ததன்று. 1891இல் ஜெர்மனியில் லவுஃபென் என்னும் ஊரிலிருந்து பிராங்பேர்ட் நகருக்கு ஏறக்குறைய 175 கிலோமீற்றர் தூரம் மின்சாரம் கம்பிவழிச் சென்றது. தொலைதூர மின்கடத்தலின் தொடக்கமாக அதனை அறிஞர் கொண்டாடுவர். அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் செயின்ற் லூயிஸ் நகரிற் கம்பித் தொழிலாளர் சிலர் கூடித் தமக்கென ஒரு சங்கம் அமைத்தனர். தொழிலிற் புகும் இளைஞன் பயிலுநனாக இருந்து முறையே கற்றல் வேண்டும் என்பது அச்சங்கத்தார் வற்புறுத்தி வந்த கருத்துகளுள் ஒன்று. அதன் முதற் தலைவராகிய ஹென்றி மில்லர் தாமும் ஒரு கம்பியாளர். 1896இல் வாஷிங்டன் நகரிற் கம்பத்தில் வேலை செய்துகொண்டிருக்கையில் மின் தாக்கி விழுந்து அவர் மாண்டார். கற்றுத் தேர்ந்த ஒருவருக்கே இது நேர்ந்ததெனின், கல்லாதார் நிலையை விளக்கவேண்டுவதில்லை.

ஆசியாவில் இத்தொழில் வேரூன்றியதற்குச் சிறந்த சான்று மைசூர்ச் சீமையின் சிவசமுத்திரம் ஆகும். காவேரி வீழ்ச்சியிற் பிறந்த மின்சாரம் 1902ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ஏறக்குறைய 92 மைல் தொலைவிலுள்ள கோலார் தங்கவயலுக்குச் சென்றது. அந்நாளில் உலகின் மிக நீண்ட மின்தொடர்களுள் அதுவும் ஒன்று. திட்டத்தை முன்னின்று நடத்தியவர் ஜோலி த லொட்பினியே என்னும் பொறியியலாளர். இயந்திரங்களும் அவற்றைப் பொருத்துவோரும் அமெரிக்க ஜெனரல் எலெக்ற்றிக் கம்பெனியிலிருந்து வந்தனர். பாரமான பொறிகளை இழுத்துச் செல்ல யானைகளும் பயன்பட்டன. அயலவர் தொடக்கத்தில் இயக்கிக் காட்ட, நாட்டவர் அருகிருந்து பழகிப் பின் பொறுப்பேற்றனர். தங்கவயலிற் சுரங்கத்தினுட் பாடுபட்டோருட் பெரும்பாலோர் வட ஆர்க்காடு முதலிய தமிழ்ப் பகுதியிலிருந்து சென்றோர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. மைசூர் சென்ற நெறியிலேயே சென்னை மாகாணமும் பின்னர்ச் சென்றது. 1932இல் நீலகிரியில் பைக்காரா மின்நிலையம் இயங்கத் தொடங்கவே, மலைச்சரிவில் இறங்கிக் கோயம்புத்தூரை அடைந்த கம்பித் தொடர் அந்நகரின் நூலாலைகளை வளர்த்தது. 1937இல் மேட்டூரும் 1944இற் பாபநாசமும் தொடர்ந்தன. ஒரு திட்டத்திற் பழகிய கை அடுத்த திட்டத்திற்கு ஆசானாயிற்று. இடைவிடாது வேலை நடந்ததே அங்கே பள்ளிக்கூடம் என்று கூறுதல் மிகையாகாது.

இலங்கையில் அவ்விடையறாமை வாய்க்கவில்லை. கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரி 1893இலேயே தோன்றிவிட்டது. அங்குப் பயின்ற டி. ஜே. விமலசுரேந்திர 1918இற் பொறியியலாளர் சங்கத்தின் முன் இலங்கையின் நீர்வலுவைப் பற்றிய தம் ஆய்வுரையைப் படித்தார். லக்சபானத் திட்டமோ தொடங்குவதும் நிற்பதுமாகக் கால் நூற்றாண்டுக்கு மேல் இழுபட்டு, 1950இலேதான் மின்சாரம் தந்தது. இவ்விடைக்காலத்தில் இழந்தது மின்சாரம் மாத்திரமன்று. ஒரு தலைமுறைக் கம்பியாளர் உருவாகியிருக்கவேண்டிய காலமும் அதனோடு கழிந்தது. மலைநாட்டிலிருந்து கொழும்பின் அயலிலுள்ள கொலன்னாவைக்கு 66 கிலோவோல்ற்றுத் தொடர் அமைந்தபோது, இத்தீவின் உயரழுத்தக் கல்வி உண்மையில் அக்கோபுரங்களிலேதான் தொடங்கியது எனலாம். பொறியியலாளருக்குக் கல்லூரி இருந்தது. கம்பியாளனுக்கு மூத்தவனின் கயிறே கல்லூரி.

கிழக்கு மாகாணத்திற்கு வாய்த்த நற்பேறு கல்லோயா. 1949இல் அமைந்த கல்லோயா அபிவிருத்திச் சபையின் கீழ் அமெரிக்க மொறிசன் நூட்சன் கம்பெனியார் இங்கினியாகலையில் அணை கட்டினர். அங்கே சுமார் 11 மெகாவாற்று வலுவுடைய மின்நிலையமும் எழுந்தது. அக்காலத்தில் அப்பகுதி முழுவதும் மட்டக்களப்பு மாவட்டத்தினுள் அடங்கியிருந்தது. அம்பாறை மாவட்டம் பிரிந்தது 1961இலேயாம். தொழில் பழக்குதற்கென அம்பாறையில் ஹார்டி தொழில்நுட்ப நிறுவனமும் தோன்றியது. படுவான்கரை இளைஞனுக்கு ஒருநாட் பயணத் தொலைவில் இத்துணை வாய்ப்பு அதற்குமுன் இருந்ததில்லை. ஆயின் 1956ஆம் ஆண்டு தனிச்சிங்களச் சட்டத்தையும் கல்லோயாக் கலவரத்தையும் ஒருசேரக் கொண்டுவந்தது. அரசாங்கத் தொழிலுக்குச் செல்லும் வழி தமிழ் மாணவருக்கு ஒடுங்கியதும், அப்பகுதியில் அச்சம் குடிபுகுந்ததும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தன. தொழிற்பயிற்சியின் வரலாற்றை அரசியல் வரலாற்றினின்று பிரித்து எழுதலாம் என எண்ணுவோர் இவ்வாண்டை ஒருமுறை ஊன்றி நோக்குதல் நன்று.

மின்சாரத் திணைக்களத்தின் பணிகள் 1969 நவம்பரில் இலங்கை மின்சார சபையிடம் சென்றன. சபை தன் பணியாளருக்கென முறையான பயிற்சி நிலையங்களை நடத்தலாயிற்று. கொழும்புக்குத் தெற்கே பிலியந்தலையில் அமைந்தது அவற்றுட் பெயர்பெற்றது. கயிற்றுக் கல்லூரி வகுப்பறையும் கண்டது இக்காலத்திலாம். மாதிரிக் கம்பங்களில் ஏறவும், கம்பத்தின்மேல் மயங்கிய தோழனைக் கயிற்றிற் கட்டி இறக்கவும், செயற்கைச் சுவாசம் அளிக்கவும் பழகுதல் இத்தகைய பயிற்சியின் இன்றியமையாத பகுதி. இவ்விறுதி இரண்டையும் வெறும் நூலாற் கற்பித்தல் இயலாது. மூச்சடங்கியவனுக்குச் சில நிமிடங்களே உண்டு. அந்நிமிடங்களிற் புத்தகம் புரட்ட எவனாலும் ஆகாது.

1978 நவம்பர் 23ஆந் திகதி இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியை இங்கு முதியோர் மறந்திலர். தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்த அவ்விரவுக்குப் பின் வீழ்ந்த கம்பங்களையும் அறுந்த கம்பிகளையும் மீளக் கட்டுதல் பெரும்பணியாயிற்று. புதிதாகக் கட்டுவதைவிட வீழ்ந்ததை எடுத்துக் கட்டுவது கடினம். இழுபட்டு நிற்கும் கம்பி வெட்டியவுடன் எத்திசையிற் பாயும் என்பதையும், ஒருவன் வீட்டு மின்பிறப்பாக்கி மாண்ட கம்பியைப் பின்வழியாக உயிர்ப்பித்துவிடும் என்பதையும் அனுபவமுடையவனே முன்னுணர்வான். அதன்பின் வந்த போர்க்காலமோ வேறொரு வகையிற் கொடிது. யாழ்ப்பாணக் குடாநாடு 1990 முதல் தேசிய மின்தொடரினின்று அறுந்து, 2010களிலேதான் மீண்டும் இணைந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக உயரழுத்தக் கோபுரத்தில் மின் ஓடாத நிலத்தில் அத்தொழிலைக் கற்பவன் எவ்வாறு தோன்றுவான்? வீழ்ந்த கோபுரங்களை ஈராண்டு மூவாண்டில் நிறுத்திவிடலாம். அறுந்த ஆசான் மாணவன் தொடரை அவ்வாறு நிறுத்தல் ஆகாது.

உலகின் பிற பாகங்களில் இக்கலை அதற்குள் வெகுதூரம் சென்றுவிட்டது. முதலில் மின்கடத்தா நீள்கோலாற் கம்பியைத் தீண்டாது வேலை செய்தனர். 1960 அளவில் அமெரிக்காவிற் கம்பியின் அழுத்தத்தையே தானும் ஏற்று, வெறுங்கையால் அதைப் பற்றி வேலை செய்யும் முறை வந்தது. கம்பியிற் குந்தும் காகம் பிழைப்பதும் இதே விதியால்தான். காகத்துக்குப் பயிற்சி வேண்டா. மனிதனுக்கோ பல மாதங்கள் வேண்டும். இந்தியாவில் இதற்கெனப் பெங்களூரில் ஒரு தனிப் பயிற்சி நிலையம் உண்டு. மின்சாரத்தை நிறுத்தாமலே காவலியை மாற்றக் கற்றவன் ஒரு நகரத்தின் ஒருநாள் உழைப்பைக் காப்பவனாவான். பராமரிப்புப் பிழை ஒன்று எத்துணைப் பெரிது என்பதை 2020 ஓகஸ்ற் 17இல் நாம் கண்டோம். கெரவலப்பிட்டிய துணைமின்நிலையத்திற் பராமரிப்பின்போது நேர்ந்த தவறினால் இத்தீவு முழுவதும் பல மணிநேரம் இருளில் ஆழ்ந்தது.

இவற்றையெல்லாம் இப்பொழுது எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க மின்சாரச் சட்டம், 1969இல் ஒன்றாக அமைந்த சபையின் பணிகளை உற்பத்தி, கடத்தல், விநியோகம் எனப் பல நிறுவனங்களிடையே பிரிக்க வழி வகுத்தது. கணக்கும் சொத்தும் எவ்வாறு பங்கிடப்படும் என்று பலர் விவாதித்தனர். பயிற்சி நிலையமும் அதன் மூத்த போதனாசிரியரும் யாருடைய பங்கு என்று கேட்டோர் சிலரே. ஆள் வேண்டும்போது அயல் நிறுவனம் பழக்கிய ஆளை எடுத்துக்கொள்ளலாம் என ஒவ்வொரு நிறுவனமும் எண்ணுமாயின், பழக்குவோர் எவரும் இரார்.

எம் பகுதியின் நிலையையும் சொல்லல் வேண்டும். உயர்தர வகுப்பில் 2013இலிருந்து தொழில்நுட்பவியற் பிரிவு உண்டு. மின்னைப் பற்றிய சூத்திரங்களை எம் மாணவர் பிழையின்றி ஒப்பிப்பர். ஆனால் புவித்தொடுப்புக் கோலைக் கையிற் பிடித்தவரை அவருட் காணல் அரிது. கம்பத்தில் ஏறிப் பழகப் பிலியந்தலைவரை செல்வதென்றால் தீவின் மறுகரைக்கே செல்லவேண்டும். அங்குத் தங்கிப் படிக்க எல்லாக் குடும்பத்தாலும் இயலுமா? இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டுவதில்லை. வவுணதீவை அடுத்த ஏதேனுமொரு மேட்டுநிலத்தில் ஐந்தாறு கம்பங்களும், மின் பாயாத ஒரு கம்பித் தொடரும், கழற்றிப் பூட்டத்தக்க ஒரு கோபுரத்தின் அடிப்பகுதியும், காவலிகளும் கப்பிகளும் இருப்பின் தொடக்கப் பயிற்சிக்குப் போதும். ஓய்வுபெற்ற கம்பியாளர் இம்மாவட்டத்தில் இன்னும் உளர். மின்துண்டிப்பு அனுமதிப் பத்திரம் முதல் தொய்வு அட்டவணை வரை தெளிந்த தமிழில் ஒரு கைநூலும் வேண்டும். அதனை எழுதுவதற்கு அம்முதியோரைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு, அவர் வழங்கும் சொற்களையே எடுத்தாளுதல் வேண்டும்.