பவர் பிரேக் வந்த கதை

போன லீவில் மேட்டுப்பாளையத்தில் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். மாமாவிடம் ஒரு பழைய டீசல் பிக்கப் இருக்கிறது. ஊட்டியிலிருந்து கேரட், முட்டைக்கோஸ் ஏற்றி மண்டியில் இறக்குவார். அன்று குன்னூர் தாண்டி இறங்கும்போது பிரேக் பெடல் கல்லு மாதிரி இறுகிவிட்டதாம். செகண்ட் கியரிலேயே உருட்டி, எப்படியோ வந்து சேர்ந்துவிட்டார். அத்தை அன்று ராத்திரி சாப்பிடவே இல்லை.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் "பூஸ்டர் போச்சு, முழுசா மாத்தணும்" என்று சொல்லி ஒரு பெரிய தொகையும் சொன்னார்கள். பக்கத்துத் தெரு மெக்கானிக் அண்ணன் எதையும் கழற்றவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு பிரேக்கை ஐந்தாறு தடவை மிதித்தார். அப்புறம் பெடலில் வைத்த காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்தார். "இப்ப பெடல் கொஞ்சம் கீழ இறங்கணும் தம்பி. இறங்கலை பாருங்க. பூஸ்டருக்கு வேக்குவம் வரலை, இல்ல பூஸ்டரே போயிருக்கணும். முதல்ல ஹோஸைப் பார்ப்போம்."

பி.காம். படிக்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்காதீர்கள். இந்த ஒரு நிமிட சோதனை எப்படி வேலை செய்கிறது என்று தேடப்போய்த்தான் இந்தக் கட்டுரையே வந்தது.

ஆரம்பகாலக் கார்களில் பிரேக் என்றால் கம்பியும் கேபிளும்தான். மால்கம் லாக்ஹீட் எண்ணெய் அழுத்தத்தால் பிரேக் பிடிக்கும் முறையைக் கொண்டுவந்தார். 1921-ல் வந்த டூசன்பர்க் மாடல் ஏ காரில் நான்கு சக்கரத்துக்கும் அந்த ஹைட்ராலிக் பிரேக் இருந்தது. ஆனாலும் விசை முழுக்க ஓட்டுநரின் காலிலிருந்துதான் வரவேண்டும். வண்டியின் எடை கூடக் கூட கால் போதவில்லை.

அப்போதுதான் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் டிவாண்டர் ஒரு விஷயத்தைப் பிடித்தார். பெட்ரோல் இன்ஜின் ஓடும்போது உள்ளே காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது அல்லவா? ஓசியில் கிடைக்கும் அந்த உறிஞ்சலை ஏன் பிரேக்குக்குப் பயன்படுத்தக் கூடாது? 1920-களின் கடைசியில் பாஷ் நிறுவனம் அவருடைய முறையில் பிரேக் செய்து விற்றது. அமெரிக்காவில் 1928-ல் பியர்ஸ்-ஆரோ காரில் பிராக், கிளீஸ்ராத் என்ற இருவரின் வேக்குவம் பிரேக் வந்தது. இதில் காலெப் பிராக் கார் ரேஸ், மோட்டார் படகு ரேஸ் என்று அலைந்தவர். வேகப் பைத்தியம்தான் வண்டியை நிறுத்தவும் வழி கண்டுபிடித்திருக்கிறது :-)

இன்றைய பூஸ்டரை எடுத்துக்கொள்வோம். ஒரு தகர டப்பா, நடுவில் ரப்பர் டயாஃப்ரம். இரண்டு பக்கமும் வேக்குவம். பிரேக்கை மிதித்தால் ஒரு பக்கம் மட்டும் வெளிக்காற்று நுழைந்து டயாஃப்ரத்தைத் தள்ளும். சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ என்பது காற்றழுத்தம். வேக்குவம் எழுபது சதவீதம், டயாஃப்ரம் 25 செ.மீ. அகலம் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். 340 கிலோ வருகிறது! நம் காலுக்கு எங்கே போவது?

மெக்கானிக் அண்ணன் செய்ததும் இப்போது புரியும். இன்ஜின் நின்றாலும் இரண்டு மூன்று மிதிக்கு ஆகும் வேக்குவம் உள்ளே சேமிப்பில் இருக்கும், செக் வால்வு அதைப் பிடித்து வைத்திருக்கும். முதலில் மிதித்து அந்தச் சேமிப்பைக் காலி செய்தார். ஸ்டார்ட் ஆனதும் புது வேக்குவம் வந்திருந்தால் பெடல் இறங்கியிருக்கும்.

பிக்கப் லாரிகளுக்கு இந்த வசதி எளிதில் வரவில்லை. ஃபோர்டு நிறுவனம் 1939 வரை ஹைட்ராலிக்குக்கே மாறவில்லை. அப்புறமும் டிரம் பிரேக்தான். டிரம் சுற்றும் வேகமே ஷூவை இன்னும் இறுக்கிவிடும் என்பதால் பூஸ்டர் இல்லாமலே ஓட்டினார்கள். டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது. 1971-ல் செவர்லே பிக்கப்பில் முன்சக்கர டிஸ்க் வழக்கமான பொருத்தமாக ஆனது. டிஸ்க் வந்தபின் பூஸ்டர் இல்லாமல் கால் தாங்காது.

இதில் ஆபத்தான குழப்பம் ஒன்று உண்டு. பெடல் இறுகினால் பொதுவாக வேக்குவம் பக்கம் கோளாறு. வண்டி நிற்கும், ஆனால் கால் கடுக்கும். மிதித்துப் பிடிக்கும்போது பெடல் மெல்ல அமுங்கிப் போனால் அது எண்ணெய்ப் பக்கம், அநேகமாக மாஸ்டர் சிலிண்டர். புது பூஸ்டர் போட்டாலும் அது தீராது. அமெரிக்காவில் 1967-க்கு முந்தைய பிக்கப்களில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய்ப் பாதைதான். ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கிலும் பிரேக் இல்லை. 1967 மாடல்களில்தான் ஃபோர்டும் செவர்லேயும் முன்னுக்கும் பின்னுக்கும் பாதையைப் பிரித்தன.

மாமா வண்டிக்கு வருவோம். பழைய டீசல் இன்ஜினில் பெட்ரோல் இன்ஜின் மாதிரி காற்றை மறிக்கும் த்ராட்டில் இல்லை, அதனால் ஓசி உறிஞ்சலும் இல்லை. தனியாக ஒரு வேக்குவம் பம்ப் வேண்டும். மாமா வண்டியில் அது ஆல்டர்னேட்டரின் பின்பக்கம் இருக்கிறது. அண்ணன் பூஸ்டர் பக்கம் ஹோஸைக் கழற்றி வாயில் கட்டைவிரலை வைத்தார். உறிஞ்சல் பேருக்குத்தான் இருந்தது. பம்ப் வாயில் வைத்தார், விரலைப் பிடித்து இழுத்தது. நடுவில் அந்த ரப்பர் ஹோஸ் சூட்டில் காய்ந்து, அடிப்பக்கம் வெடித்திருந்தது.

ஹோஸும் இரண்டு கிளிப்பும் மாற்றினார்கள். திரும்ப ஐந்து மிதி, ஸ்டார்ட். பெடல் இறங்கியது. அடுத்த நாள் காலை நான்கு மணிக்கு மாமா ஊட்டிக்குக் கிளம்பிவிட்டார். கிளம்பும் முன் அதே சோதனையைத் தானே செய்து பார்த்ததை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.