பசலி 1329-இல் ஒரு சட்டம்

ஊரில் நிலம் நீச்சு வைத்திருப்பவர்களுக்குப் பசலி என்ற சொல் புதிதல்ல. பட்டா, சிட்டா, அடங்கல் என்று தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்தவர்கள் எல்லோரும் அதைப் பார்த்திருப்பார்கள். ஆங்கில வருடத்தில் சுமார் 590-ஐக் கழித்தால் பசலி. மொகலாயர் காலத்து வரிக்கணக்கு ஆண்டு. நம் ஊரில் அது நிலத்தோடு நின்றுவிட்டது. இங்கே ஹைதராபாத்தில் நிஜாம் அரசு சட்டங்களுக்கும் பசலி ஆண்டுதான் போட்டது.

அப்படிப் பசலி 1329-இல், அதாவது 1919-இல், ஒரு சின்னச் சட்டம் வந்தது. இன்று நாம் திருநங்கைகள் என்று மரியாதையாகச் சொல்பவர்களைப் பற்றியது. (சட்டத்தின் பெயரில் இருக்கும் ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்கினால் "அலிகள் சட்டம்" என்றுதான் வரும்.) ஹைதராபாத் நகரத்திலும் அரசு குறிப்பிடும் மற்ற இடங்களிலும் வசிப்பவர்களில், சிறுவர்களைக் கடத்துவதாகவோ, ஆண்மை நீக்குவதாகவோ, "இயற்கைக்கு மாறான" குற்றம் செய்வதாகவோ சந்தேகப்படுகிறவர்களின் பெயர், விலாசம் எல்லாம் ஒரு பதிவேட்டில் ஏற வேண்டும். பெயர் ஏறியவர் பெண் உடையிலோ பெண்ணுக்குரிய அலங்காரத்திலோ தெருவில் காணப்பட்டால் வாரண்ட் இல்லாமல் கைது. தெருவில் ஆடினாலும் பாடினாலும் அதேதான். இரண்டு வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

தெருவில் இறங்காமல் வீட்டோடு இருந்தால் தப்பிக்கலாமா என்றால் அதுவும் இல்லை. தெருவிலிருந்து பார்த்தால் தெரிய வேண்டும் என்ற எண்ணத்தோடு வேறெங்காவது நின்றாலும் குற்றம்தான். ஜன்னலோரம், மொட்டை மாடி எல்லாம் இதில் அடக்கம். திருட்டு, அடிதடி எதுவும் நடக்க வேண்டியதில்லை. கண்ணில் படுவதே குற்றம்.

பொதுக் கழிப்பறையில் திருநங்கைகள் எந்தப் பக்கம் போகலாம் என்று இப்போது நடக்கிற சண்டையைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சட்டம்தான் நினைவுக்கு வருகிறது. ஏதோ அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய புதுப் பிரச்சினை மாதிரி பேசுகிறார்கள். "இவர்கள் நம் நடுவில் எங்கே நிற்கலாம்?" என்ற கேள்விக்கு இந்த நாட்டில் 150 வருடத்துக்கு மேல் வயசாகிறது.

நிஜாமின் சட்டம் சொந்தச் சரக்கு இல்லை. 1871-இல் பிரிட்டிஷ் இந்தியா போட்ட குற்றப் பரம்பரைச் சட்டத்தின் இரண்டாம் பகுதியைப் பார்த்து எழுதியது. நம் பக்கம் குற்றப் பரம்பரைச் சட்டம் என்றால் கள்ளர், மறவர், பெருங்காமநல்லூர் என்றுதான் ஞாபகம் வரும். ஆனால் அதில் ஒரு பகுதி முழுக்க ஹிஜ்ராக்களுக்கென்றே எழுதப்பட்டது. இன்றைய உத்தரப் பிரதேசமான வடமேற்கு மாகாணத்தில்தான் அது மும்முரமாக அமலானது. பதிவேட்டில் இருப்பவர் 16 வயதுக்குட்பட்ட பையனைத் தன்னோடு வைத்துக்கொள்ள முடியாது. தத்தெடுக்க முடியாது. உயில் எழுத முடியாது. புதிதாக யாரும் சேராமலும், இருப்பவர்கள் கண்ணில் படாமலும் செய்துவிட்டால் காலப்போக்கில் இந்தக் கூட்டமே இல்லாமல் போய்விடும் என்பது அதிகாரிகள் போட்ட கணக்கு.

1884-இல் அலகாபாத் ஹைகோர்ட்டுக்கு ஒரு வழக்கு வந்தது. கைராத்தி என்பவர் பெண் உடையில் ஒரு குடும்பத்துப் பெண்களோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தபோது போலீஸ் பார்வையில் பட்டவர். அரசு மருத்துவரிடம் கொண்டுபோய் உடலைப் பரிசோதித்தார்கள். கீழ்க்கோர்ட்டு 377-ஆவது பிரிவில் தண்டனையும் கொடுத்துவிட்டது. எங்கே, எப்போது, யாரோடு குற்றம் நடந்தது என்று எதுவுமே இல்லாமல் எப்படித் தண்டிப்பது என்று கேட்டு ஹைகோர்ட்டு விடுதலை செய்தது. சட்டப் புத்தகங்களில் இது 377-க்காகப் பேசப்படுகிற வழக்கு. என் கண்ணுக்குப் பட்டது வேறு. அந்த வீட்டுப் பெண்கள் அவரோடு உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அதில் சங்கடம் இருந்ததாக வழக்கு சொல்லவில்லை.

இதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. 1890-ஆம் வருடத்து ரயில்வே சட்டம். 1891 முதல் ஒவ்வொரு பயணிகள் ரயிலிலும் கடைசி வகுப்பில் ஒரு கம்பார்ட்மெண்ட்டாவது பெண்களுக்கென்று ஒதுக்க வேண்டும் என்றது. 50 மைலுக்கு மேல் போகிற ரயிலென்றால் அந்தப் பெண்கள் கம்பார்ட்மெண்ட் ஒன்றில் கழிப்பறையும் இருக்க வேண்டும். நல்ல விஷயம்தான். அப்போது சாதாரண வகுப்பு ஆண்களுக்கு இந்தப் பாக்கியம் இல்லை. 1909-இல் ஒகில் சந்திர சென் என்ற வங்காளி பலாப்பழம் சாப்பிட்டுவிட்டு, ஸ்டேஷனில் இறங்கி ஒதுங்கப் போக, கார்டு விசிலடித்து ரயில் கிளம்பிவிட, ஒரு கையில் சொம்பும் மறு கையில் வேட்டியுமாக ஓடி விழுந்ததைப் புகாராக எழுதிய கடிதம் டெல்லி ரயில் அருங்காட்சியகத்தால் பிரசித்தம். படித்தால் சிரிப்பு வரும். சிரித்து முடித்த பிறகு, அந்த அவஸ்தை ஆயுசு முழுக்க இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதே 1890 சட்டத்தில், பெண்களுக்கு ஒதுக்கிய இடம் என்று தெரிந்தே நுழையும் ஆணுக்கு 100 ரூபாய் வரை அபராதமும் உண்டு. இரண்டு சட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பதிவேட்டில் பெயர் உள்ள ஒருவர் சேலையோடு பிளாட்பாரத்தில் நின்றால் 1871 பிடிக்கும். அவரை ஆண் என்றே எடுத்துக்கொண்டால் பெண்கள் பெட்டியில் ஏறும்போது 1890 பிடிக்கும். ஆண்கள் நடுவில் போய் உட்கார்ந்தால் சட்டம் ஒன்றும் சொல்லாது. அங்கே என்ன நடக்கும் என்பது ரயிலில் போயிருக்கும் எந்தப் பெண்ணுக்கும் தெரியும்.

சுதந்திரம் வந்தது. குற்றப் பரம்பரைச் சட்டம் 1952-இல் ஒழிந்தது. ஹைதராபாத் சட்டத்தை யாரும் கவனிக்கவில்லை. 1948-இல் நிஜாம் ஆட்சி போனது, 1956-இல் ஆந்திரப் பிரதேசம் வந்தது, 2014-இல் தெலங்கானா பிறந்தது. சட்டம் மட்டும் பெயரில் ஊர்ப் பெயரை மாற்றிக்கொண்டு கூடவே வந்தது. வைஜயந்தி வசந்தா மோக்லி உள்ளிட்டவர்கள் 2018-இல் ஹைகோர்ட்டுக்குப் போனார்கள். 2023 ஜூலையில் நீதிமன்றம் அதை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று ரத்து செய்தது. 104 வருடம்! கர்நாடகத்தில் இன்னும் விசேஷம். அங்கே 2011-இல் போலீஸ் சட்டத்தில் 36-ஏ என்று புதிதாகவே ஒரு பிரிவு சேர்த்து, மறுபடி பதிவேடு வைக்கும் அதிகாரத்தைக் கொடுத்தார்கள். பெங்களூரில் நாமெல்லாம் கம்ப்யூட்டர் தட்டிக்கொண்டிருந்த காலத்தில்.

தமிழ்நாடு இந்த விஷயத்தில் கொஞ்சம் முந்திக்கொண்டது. 2008 ஏப்ரல் 15-இல் நலவாரியம் வந்தது, இந்தியாவிலேயே முதலாவது. அதே ஏப்ரல் 15-ஆம் தேதிதான், 2014-இல், நால்சா வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் வந்தது. நீதிபதிகள் ராதாகிருஷ்ணனும் சிக்ரியும். மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்த அந்தத் தீர்ப்பில், மருத்துவமனையில் சிகிச்சை வசதியும் தனிப் பொதுக் கழிப்பறைகளும் செய்து தர வேண்டும் என்றும் அரசுகளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

"தனி" என்ற அந்த ஒரு வார்த்தையில்தான் விவாதம் சூடு பிடித்தது.

2017-இல் தூய்மை இந்தியா திட்டத்துக்காக மத்திய அரசு விட்ட வழிகாட்டுதல் வேறு மாதிரி சொன்னது. ஆண், பெண் இரண்டில் எந்தப் பக்கம் விருப்பமோ அந்தப் பக்கம் போகலாம் என்றது. அதே வருடம் போபாலில் தனிக் கழிப்பறை கட்டித் திறந்தார்கள். சண்டிகரில் பஞ்சாப் பல்கலைக்கழகமும் தனஞ்சய் சௌஹான் என்ற மாணவியின் விடாப்பிடியான போராட்டத்துக்குப் பிறகு தனியாகக் கட்டிக் கொடுத்தது. 2021-இல் டெல்லி மெட்ரோ, மாற்றுத்திறனாளிகளுக்கென்று இருந்த கழிப்பறைகளைத் திருநங்கையரும் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. (ஏற்கெனவே ஓரத்தில் இருப்பவர்களை மேலும் கொஞ்சம் நெருங்கி உட்காரச் சொல்வது நம் நிர்வாகங்களுக்குச் சுலபமாக வருகிறது.)

திருநங்கைகளிடையே ஒரே கருத்து இருப்பதாக நினைத்தால் அதுவும் தப்பு. தனியாக இருந்தால் நிம்மதி, கிண்டல் இல்லை, அடி இல்லை என்பவர்கள் உண்டு. பலகை மாட்டிய கதவுக்குள் போவதே ஊருக்கெல்லாம் தண்டோரா போடுகிற மாதிரி, இதுவும் ஒரு பதிவேடுதான் என்பவர்களும் உண்டு. திருநம்பிகளின் பாடு இன்னும் மோசம். ஆண்கள் பக்கம் முக்கால்வாசி இடத்தை நின்றுகொண்டு போகும் தொட்டிகளே அடைத்திருக்கும். இருக்கிற ஓரிரண்டு அறையிலும் தாழ்ப்பாள் இருக்காது. இந்த விவாதத்தில் அவர்களை நினைப்பவர்கள் குறைவு.

சில வருடங்களுக்கு முன் இங்கே ஒரு பொங்கல் விழாவுக்கு மதுரைப் பக்கத்திலிருந்து கரகாட்டக் குழு வந்திருந்தது. அதில் ஒருவர் திருநங்கை. பிரமாதமாக ஆடினார். ஆட்டம் முடிந்ததும் பெண்கள் பகுதிக்குப் போக வேண்டும் என்றார். சாவி வைத்திருந்த மாமி தயங்கினார்.

"எனக்கு ஒண்ணும் இல்லப்பா. உள்ள வயசுப் பொண்ணுங்க டிரஸ் மாத்திண்டு இருக்கா."

பக்கத்திலிருந்த அக்கா ஒருவர் விடவில்லை. "ஆம்பளைங்க பக்கம் அனுப்பினா அங்க நிக்கிறவங்க லட்சணம் நமக்குத் தெரியாதா மாமி? இவ்வளவு நேரம் கை தட்டினோமே."

"கை தட்டறது வேற, இது வேற. நாளைக்கு எவனாவது சேலையைச் சுத்திண்டு வந்து நின்னா யாரு பொறுப்பு?"

கடைசியில் அந்த அக்கா கூடவே போய் வாசலில் நின்றார். மாமி சமாதானமாகவில்லை.

மாமியைக் கெட்டவர் என்று என்னால் சொல்ல முடியவில்லை. பெண்களுக்கு இந்த நாட்டில் ஒரு கதவு கிடைத்ததே பெரிய பாடு. மும்பையில் ஆண்கள் சிறுநீர் கழிக்க இலவசம், பெண்களுக்கு மட்டும் காசு என்பதை எதிர்த்து 2011-இல்தான் ஒரு இயக்கமே தொடங்கியது. பாடுபட்டுக் கிடைத்த இடத்தைப் பொத்திப் பொத்திப் பாதுகாப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மாமி பயந்தது அந்தக் கலைஞரைப் பார்த்து இல்லை. சேலை சுற்றிக்கொண்டு வரப்போகிற எவனோ ஒரு ஆணைப் பார்த்து. அவன் செய்யப்போவதற்கு இவர் முன்கூட்டியே அடக்கிக்கொண்டு நிற்க வேண்டும் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. 1919-இன் பதிவேடும் இப்படித்தான். யாரோ எங்கேயோ செய்வதாகச் சந்தேகம், எல்லோருக்கும் கைது பயம்.

2020 செப்டம்பரில் வந்த மத்திய அரசின் விதிகள் ஒரு வழி சொன்னன. மருத்துவமனை வார்டிலும் நிறுவனங்களின் கழிப்பறையிலும் ஆண், பெண், தனி என்று மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வசதியை இரண்டு வருடத்தில் செய்ய வேண்டும் என்றன. அந்த இரண்டு வருடம் 2022-இலேயே முடிந்துவிட்டது. நான் வேலை பார்த்த ஒரு கட்டடத்தில் மாடிக்கு மூன்று கதவு இருந்தது. மூன்றாவதற்குள் துடைப்பமும் பினாயிலும் உடைந்த நாற்காலி ஒன்றும்.

மாமியிடம் ஒரு நாள் ரயிலைச் சொல்லி வாதாடிப் பார்த்தேன். சார்மினார் எக்ஸ்பிரஸில் எத்தனை வருடமாக ஊருக்குப் போய் வருகிறோம்? பெட்டிக் கோடியில் இருக்கிற கழிப்பறைக்கு ஆணும் பெண்ணும் ஒரே கதவில்தானே போகிறோம்? அங்கே இந்தியன், வெஸ்டர்ன் என்று எழுதியிருக்கும், ஆண், பெண் என்று எழுதியிருக்காது. உள்ளே ஒரு தாழ்ப்பாள் சரியாக இருந்தால் போதாதா என்றேன்.

மாமி யோசிக்கவே இல்லை.

"ராத்திரியில நான் அங்க தனியாப் போனதே இல்லப்பா. முப்பது வருஷமா உங்க மாமாதான் தூக்கத்துல எழுந்து வந்து வாசல்ல நிப்பார்" என்றார்.