எறியத் தெரியாதவர் ஜெயித்த கதை: டிம் டீபோவும் 2011 டென்வரும்

"ஆட்டம் அழகாக இருக்க வேண்டுமா, ஜெயித்தால் போதுமா?" இந்தச் சண்டை கிரிக்கெட் பார்க்கும் நமக்குப் புதிதில்லை. மட்டையைக் கோணலாகப் பிடித்துக்கொண்டு ரன் குவிக்கும் ஆள் ஒவ்வொரு தலைமுறையிலும் ஒருவர் வருவார். பயிற்சியாளர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள், ரசிகர்கள் தலையில் தூக்கி வைத்து ஆடுவார்கள்.

அமெரிக்காவில் 2011-ம் ஆண்டு இதே சண்டை ஒரு நாட்டையே இரண்டாகப் பிரித்தது. அதன் நாயகன் டிம் டீபோ. ஊர் டென்வர். ஆட்டம், அவர்கள் "ஃபுட்பால்" என்றும் நாம் "அமெரிக்கக் கால்பந்து" என்றும் சொல்லும், கையால் ஆடுகிற கால்பந்து!

முதலில் கொஞ்சம் விதிமுறை

ஒரு பக்கத்துக்கு 11 பேர். பந்தை வைத்திருக்கும் அணிக்கு 10 யார்டு முன்னேற நான்கு வாய்ப்பு. முன்னேறினால் இன்னொரு நான்கு. இப்படியே எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டினால் டச்டவுன், 6 புள்ளி. அதன்பின் பந்தை உதைத்து 1 புள்ளி கூடுதலாக எடுக்கலாம், அல்லது ஒரே ஒரு முயற்சியில் மறுபடி கோட்டைத் தாண்டி 2 புள்ளி எடுக்கலாம். கோட்டை எட்ட முடியாவிட்டால் தூரத்திலிருந்தே கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் ஃபீல்ட் கோல், 3 புள்ளி.

தாக்கும் அணியில் ஒவ்வொரு முயற்சியிலும் பந்து முதலில் வருவது குவாட்டர்பேக்கின் கைக்குத்தான். அவர் அதை ஓடுபவரிடம் கொடுக்கலாம், தானே ஓடலாம், அல்லது தூரத்தில் ஓடும் சக வீரருக்கு எறியலாம். இந்த எறிதல்தான் பாஸ். இன்றைய ஆட்டத்தில் குவாட்டர்பேக்கின் முதல் வேலையே நன்றாக எறிவதுதான். 2011-ல் என்.எஃப்.எல். லீக் முழுவதும் எறிந்த பாஸ்களில் நூற்றுக்கு 60 அளவில் சக வீரர் கையில் போய்ச் சேர்ந்தன. டீபோவின் கணக்கு 46.5. அதாவது பாதிக்கு மேல் வீண். பரீட்சையென்றால் இந்த மதிப்பெண்ணுக்கு அவர் வகுப்பில் கடைசி பெஞ்சுதான். ஆனால் அவர் அணி ஜெயித்துக்கொண்டே இருந்தது. அதுதான் வழக்கே.

யார் இந்த டீபோ?

1987-ல் பிலிப்பைன்ஸில், மதப் பிரசாரகர்களான அமெரிக்கப் பெற்றோருக்குப் பிறந்தவர். பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே படித்தவர். ஃப்ளோரிடா மாநிலச் சட்டம் அப்படிப் படிப்பவர்களையும் அரசுப் பள்ளி அணியில் ஆட அனுமதித்ததால்தான் அவரால் பள்ளி ஃபுட்பால் ஆட முடிந்தது. பிறகு ஃப்ளோரிடா பல்கலைக்கழகம். 2007-ல் கல்லூரி ஆட்டத்தின் மிக உயர்ந்த விருதான ஹைஸ்மன் கோப்பை. இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் அதை வாங்கியது அதுவே முதல் முறை. அவர் இருந்த அணி 2006, 2008 பருவங்களில் தேசிய சாம்பியன்.

வெயில் கூசாமல் இருக்க வீரர்கள் கண்ணுக்குக் கீழே பூசிக்கொள்ளும் கறுப்பு மையில் பைபிள் வசன எண்ணை எழுதிக்கொண்டு ஆடுவார். ஆடுகளத்தில் ஒரு முழங்காலை ஊன்றி ஜெபிப்பார். இதனால் ஒரு கூட்டம் அவரைக் கொண்டாடியது, இன்னொரு கூட்டத்துக்கு எரிச்சல் வந்தது. பின்னால் நடந்த ஆட்ட விவாதத்தில் பாதி உண்மையில் ஆட்டத்தைப் பற்றியதே இல்லை என்பதை இங்கேயே குறித்துக்கொள்வோம்.

2010-ல் டென்வர் பிராங்கோஸ் அவரை 25-வது தேர்வாக எடுத்தது. எறியும்போது கை கீழே இறங்கி ஒரு பெரிய சுற்றுச் சுற்றி வருகிறது, பந்து தாமதமாகப் புறப்படுகிறது, இவர் குவாட்டர்பேக்காகத் தேற மாட்டார், வேறு இடத்தில் ஆடட்டும் என்று அப்போதே பலர் சொன்னார்கள். டீபோ கேட்கவில்லை.

அந்த எட்டு ஆட்டங்கள்

2011 பருவத்தில் டென்வர் முதல் ஐந்து ஆட்டங்களில் நான்கில் தோற்றது. பயிற்சியாளர் ஜான் ஃபாக்ஸ், கைல் ஆர்டனை உட்கார வைத்துவிட்டு டீபோவை இறக்கினார்.

அக்டோபர் 23, மயாமி. மூன்று நிமிடத்துக்கும் குறைவான நேரம் மீதி இருக்கும்போது டென்வர் 0-15 என்று பின்தங்கியிருந்தது. அதுவரை டீபோவின் ஆட்டம் படுமோசம். அங்கிருந்து இரண்டு டச்டவுன், டீபோவே ஓடி எடுத்த 2 புள்ளி, ஆட்டம் சமன். கூடுதல் நேரத்தில் மேட் பிரேட்டர் 52 யார்டிலிருந்து உதைத்து 18-15.

அடுத்த வாரம் டெட்ராய்ட்டிடம் 10-45 என்று செம அடி. "சொன்னோமே" என்றார்கள். அதன்பின் ஓக்லண்டில் 38-24. கான்சஸ் சிட்டியில் 17-10. இந்தக் கான்சஸ் சிட்டி ஆட்டத்தைக் கவனியுங்கள்: டீபோ எறிந்தது மொத்தம் 8 பாஸ், சேர்ந்தது 2. டென்வர் 55 முறை பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடியது! நான்கே நாளில் நியூயார்க் ஜெட்ஸ். கடைசி நிமிடங்களில் தன் பக்கத்து 5 யார்டு கோட்டிலிருந்து 95 யார்டு போக வேண்டும். போனார்கள். 58 விநாடி மீதி இருக்கும்போது டீபோ 20 யார்டு தானே ஓடி முடித்தார். 17-13.

சான் டியேகோவை 16-13, மின்னசோட்டாவை 35-32. பிறகு டிசம்பர் 11, சிகாகோ. இரண்டு நிமிடம் சொச்சம் இருக்கையில் 0-10. டென்வர் ஒரு டச்டவுன் எடுத்தது. அடுத்து பந்து சிகாகோவிடம். கடிகாரத்தை ஓடவிட்டாலே போதும். ஆனால் சிகாகோவின் மேரியன் பார்பர் கோட்டுக்கு வெளியே ஓடிவிட்டதால் கடிகாரம் நின்றது. கிடைத்த நேரத்தில் பிரேட்டர் 59 யார்டிலிருந்து உதைத்துச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் அதே பார்பர் பந்தைத் தவறவிட, பிரேட்டர் 51 யார்டிலிருந்து முடித்தார். 13-10.

எட்டு ஆட்டத்தில் ஏழு வெற்றி. அமெரிக்கா முழுக்க ஆட்கள் கண்ட இடத்தில் முழங்கால் ஊன்றிப் படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தச் செயலுக்கு "டீபோயிங்" என்று பெயரே வைத்தாகிவிட்டது.

எதிர்க்கட்சி வாதம்

டீபோ ஜெயிக்கவில்லை, டென்வர் ஜெயித்தது என்பது இவர்கள் கட்சி. இதற்கு வலுவான ஆதாரம் உண்டு. ஏழு வெற்றிகளில் ஐந்தில் எதிரணி எடுத்தது 15 புள்ளி அல்லது அதற்கும் குறைவு. அது தடுப்பாட்டக்காரர்களின் வேலை. அந்த ஆண்டின் சிறந்த புதிய தடுப்பாட்டக்காரர் விருது வாங்கிய வான் மில்லர் அந்த அணியில்தான் இருந்தார். ஏழில் நான்கு வெற்றிகளை உறுதி செய்தது பிரேட்டரின் கடைசி உதை. ஆறு வெற்றிகள் 7 புள்ளிக்கோ அதற்குக் குறைவாகவோ வந்தவை. நூலிழையில் ஜெயிப்பவர் அடுத்த முறை நூலிழையில் தோற்பார்.

அப்படியே நடந்தது. நியூ இங்கிலாந்திடம் 23-41. பஃபலோவிடம் 14-40, அதில் மட்டும் டீபோவின் நான்கு பாஸ்களை எதிரணி பறித்தது. கடைசி ஆட்டத்தில் கான்சஸ் சிட்டியிடம் 3-7. எதிரணிக் குவாட்டர்பேக் யார் தெரியுமா? டென்வர் விலக்கிய அதே கைல் ஆர்டன்! பருவம் முழுக்க டென்வர் எடுத்தது 309 புள்ளி, கொடுத்தது 390. கொடுத்ததைவிட 81 குறைவாக எடுத்தும், 8-8 என்று முடித்து, சமநிலை விதிகளின் தயவில் தன் பிரிவில் முதலிடம் பிடித்தது.

ஆதரவுக் கட்சி வாதம்

"கடவுள் அருள்" என்று சொன்னவர்களை விட்டுவிடுவோம். ஆட்டத்துக்குள்ளேயே நல்ல பதில் இருக்கிறது.

வழக்கமான குவாட்டர்பேக் பந்தை ஓடுபவரிடம் கொடுத்ததும் அவர் வேலை முடிந்தது. அவரை யாரும் கவனிக்க வேண்டியதில்லை. ஆக 10 பேரை 11 பேர் தடுக்கிறார்கள். டீபோ அப்படியில்லை. பந்தை ஓடுபவர் வயிற்றருகே வைத்தபடி, எதிரே வரிசையின் ஓரத்தில் நிற்கும் தடுப்பாளரைப் பார்ப்பார். அவன் ஓடுபவரை நோக்கிப் பாய்ந்தால் டீபோ பந்தை இழுத்துக்கொண்டு தான் ஓடுவார். அவன் நின்றுவிட்டால் பந்து ஓடுபவருக்கு. தடுப்பாளர் எதைச் செய்தாலும் தப்பு. கல்லூரி அளவில் பழகிப்போன இந்த உத்தியை டென்வர் பருவத்தின் நடுவில் தன் ஆட்டமாக்கிக்கொண்டது. ஓக்லண்டுக்கு எதிராக அணி ஓடி எடுத்தது 299 யார்டு. டீபோ, வில்லிஸ் மெக்காஹி இருவருமே 100-ஐத் தாண்டினார்கள். அந்த ஆண்டு லீக்கிலேயே அதிகம் ஓடிய அணி டென்வர்தான். இது டீபோ இல்லாமல் நடந்திருக்காது.

இன்னொன்று. அவர் பாஸ் தவறினால் பெரும்பாலும் தரையில்தான் விழுந்தது. 271 பாஸ்களில் எதிரணி பறித்தவை 6. அதிலும் 4 அந்த ஒரே பஃபலோ ஆட்டத்தில். மோசமாக எறிவது வேறு, எதிரிக்குத் தானம் செய்வது வேறு. தவிர, மின்னசோட்டா ஆட்டத்தில் தடுப்பாட்டம் 32 புள்ளியைக் கோட்டைவிட்டபோது, டீபோ 15-க்கு 10 பாஸ் சேர்த்து 202 யார்டு எடுத்தார். அன்று அணியைத் தாங்கியதில் அவர் பங்கு பெரிது.

உச்சம் 2012 ஜனவரி 8. பிளேஆஃப் ஆட்டம், எதிரே 12-4 என்று வந்த பிட்ஸ்பர்க். ஓட்டத்தை அடைக்க பிட்ஸ்பர்க் ஆட்களை முன்னால் குவித்தது. பின்னால் காலி. கூடுதல் நேரத்தின் முதல் முயற்சியிலேயே டீபோ எறிய, டிமேரியஸ் தாமஸ் பிடித்து 80 யார்டு டச்டவுன். 11 விநாடியில் கதை முடிந்தது, 29-23. அன்று அவர் எறிந்தது 21, சேர்ந்தது 10 மட்டுமே, ஆனால் 316 யார்டு. ஓட்டத்தின் பயமே பாஸுக்கு வழி திறந்தது. அடுத்த வாரம் நியூ இங்கிலாந்து 45-10 என்று வீட்டுக்கு அனுப்பியது.

தீர்ப்பு என்ன?

டென்வர் நிர்வாகத்தின் தலைமையில் இருந்தவர் ஜான் எல்வே, அதே அணிக்கு இரண்டு சூப்பர் பௌல் வென்று கொடுத்த குவாட்டர்பேக். 2012 மார்ச்சில் பெய்டன் மேனிங் கிடைத்ததும் டீபோவை ஜெட்ஸுக்கு அனுப்பிவிட்டார். அங்கே அந்தப் பருவம் முழுக்க டீபோ எறிந்தது 8 பாஸ். 2013-ல் நியூ இங்கிலாந்தும் 2015-ல் ஃபிலடெல்ஃபியாவும் சேர்த்துக்கொண்டு, பருவம் தொடங்கும் முன்பே விலக்கின. இடையில் பேஸ்பால் ஆடிப் பார்த்தார். 2021-ல் ஜாக்சன்வில் அணியில், ஒரு காலத்தில் வேண்டாம் என்று மறுத்த வேறொரு இடத்தில் ஆட வந்தார். அதுவும் ஆகஸ்டிலேயே முடிந்தது.

ஆக எதிர்க்கட்சி ஜெயித்துவிட்டதா? என் கருத்து, இரு கட்சியும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தன. "இந்த ஆண்டு, இந்த அணிக்கு, இவர் உதவினாரா?" என்றால் ஆம். 1-4 என்று கிடந்த அணி பிளேஆஃபில் ஒரு ஆட்டம் ஜெயித்தது. "இப்படியே பத்து ஆண்டு போகுமா?" என்றால் இல்லை. முதல் கேள்விக்கு வெற்றிக் கணக்கு போதும். இரண்டாவதற்கு ஆட்ட முறையைப் பார்க்க வேண்டும். எல்வே இரண்டாவது கேள்வியைக் கேட்டார், அது அவர் வேலை.

இதில் ஒரு வேடிக்கை. டென்வர் 2016 பிப்ரவரியில் மேனிங்கோடு சூப்பர் பௌல் வென்றது. அந்தப் பருவத்தில் வயதான மேனிங் லீக் ஆட்டங்களில் எறிந்த டச்டவுன் 9, பறிகொடுத்தது 17. இறுதி ஆட்ட நாயகன் தடுப்பாட்டக்காரர் வான் மில்லர். குவாட்டர்பேக் சுமாராக எறிந்தும் தடுப்பாட்டத்தால் ஜெயிக்கலாம் என்பதை டென்வரே நிரூபித்தது!

டீபோவுக்கு முன்னும் பின்னும்

இந்தக் கதைக்கு ஒரு பழைய அத்தியாயம் இருக்கிறது, அதுவும் இதே டென்வரில். 1968-ல் மார்லின் பிரிஸ்கோ என்ற கறுப்பின இளைஞர் அங்கே குவாட்டர்பேக்காக இறங்கினார். நவீன காலத் தொழில்முறை ஃபுட்பாலில் தொடக்கக் குவாட்டர்பேக்காக ஆடிய முதல் கறுப்பர் அவர். ஓடியபடியே எறிபவர். பாஸ் சேர்ந்த விகிதம் 41.5, டீபோவைவிடக் குறைவு. ஆனால் 14 டச்டவுன் எறிந்தார். டென்வரின் முதலாண்டு வீரர்களில் அந்த எண்ணிக்கை பல பத்தாண்டுகள் சாதனையாக நின்றது. அடுத்த ஆண்டு அந்த இடத்துக்கு அவரைப் போட்டியிடக்கூட விடவில்லை. பஃபலோவுக்குப் போய்ப் பந்து பிடிப்பவராக மாறி, பிறகு மயாமியில் இரண்டு சூப்பர் பௌல் வென்றார். மீண்டும் தொடக்கக் குவாட்டர்பேக்காக ஆடவே இல்லை.

2018-ல் லமார் ஜாக்சன் கல்லூரியிலிருந்து வந்தபோதும் "இவர் பந்து பிடிப்பவராக மாறட்டும்" என்ற குரல் எழுந்தது. அவரும் மறுத்தார். பால்டிமோர் அணி அவருக்காகவே தன் ஆட்டத்தை மாற்றி எழுதியது. 2019-ல் ஒரு வாக்குகூட மாறாமல் லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருது. அந்த ஆண்டு ஓடி 1,206 யார்டு எடுத்ததோடு 36 டச்டவுன் பாஸும் எறிந்தார். டீபோவிடம் இருந்த ஓட்டமும் டீபோவிடம் இல்லாத எறிதலும் ஒருவரிடம் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதுவே பதில்.

டீபோவுக்குக் கிடைத்தது அநியாயம் என்று பலர் இன்றும் வருந்துகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் சுற்றுத் தேர்வு, அவருக்காக மாற்றப்பட்ட ஆட்ட முறை, பதினோரு லீக் ஆட்டம், இரண்டு பிளேஆஃப் ஆட்டம், அதன்பின் நான்கு அணிகளின் கதவு. இத்தனையும் அவருக்குத் திறந்தது. பிரிஸ்கோவுக்கு ஐந்து ஆட்டத்தோடு கதவு மூடியது. சரியாக எறியத் தெரியாத ஒருவரை எத்தனை நாள் பொறுத்துப் பார்ப்பது என்ற கேள்விக்கு ஒரே ஊர் 1968-ல் ஒரு பதிலும் 2011-ல் வேறொரு பதிலும் சொன்னது. டீபோவைப் பற்றிச் சண்டை போட்டவர்களில் மிகச் சிலரே பிரிஸ்கோவின் பெயரைச் சொன்னார்கள். நாமாவது சேர்த்துச் சொல்வோம்.