விட்டுச்செல்லுதலின் இசை: எலியான் ரதீக்

மின்னணு இசையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதைக் கருவிகளின் வரலாறாகவே எழுதிவிடுகிறார்கள். ஒலிநாடா வந்தது, சிந்தசைசர் வந்தது, கணினி வந்தது. ஒவ்வொன்றாலும் இசையில் புதிதாக என்ன சேர்ந்தது என்று பட்டியல் நீள்கிறது. இப்பட்டியலுக்குள் எளிதில் அடங்காதவர் பிரெஞ்சு இசையமைப்பாளரான எலியான் ரதீக். அவருடைய அரை நூற்றாண்டுப் பயணத்தில் சேர்த்துக்கொண்டவற்றைவிட விட்டுவிட்டவையே அதிகம். அவற்றை வரிசையாகப் பார்த்தால், எளிதில் பிடிபடாத இசை என்று சொல்லப்படும் அவருடைய இசை நமக்குச் சற்று நெருங்கி வரும் என்று தோன்றுகிறது.

ரதீக் 1932-இல் பாரிஸில் பிறந்தார். ஓவியரும் சிற்பியுமான அர்மானை மணந்து, தெற்கே நீஸ் நகரில் மூன்று குழந்தைகளோடு வாழ்ந்தார். வீட்டருகே விமான நிலையம் இருந்தது. வந்துபோகும் விமானங்களின் இரைச்சலை இசையைக் கேட்பதுபோலக் கேட்டுப் பழகியதைப் பிற்காலப் பேட்டிகளில் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்நாட்களில்தான் பியர் ஷேஃபரின் ஆக்கம் ஒன்றை வானொலியில் கேட்டார். ரயில் ஓசைகளைப் பதிவுசெய்து, வெட்டி, ஒட்டி 1948-இல் ஷேஃபர் உருவாக்கிய படைப்பு அது. வாத்தியங்களிலிருந்து பிறக்காமல், உலகின் ஓசைகளையே மூலப்பொருளாகக் கொண்ட இம்முறைக்கு 'ம்யூஸிக் காங்கிரேத்', அதாவது பருப்பொருள் இசை, என்று அவர் பெயரிட்டார். 1950-களின் நடுப்பகுதியில் ரதீக் அவரிடம் பயிலச் சென்றார். நாடாவைக் கத்தரிப்பதையும் ஒட்டுவதையும் அங்கே கற்றுக்கொண்டார்.

கணவரைப் பிரிந்து பாரிஸுக்குத் திரும்பியபின், 1967-இல் ஷேஃபரின் சகாவாக இருந்த பியர் ஆன்ரியிடம் உதவியாளராகச் சேர்ந்தார். ஊதியமில்லாத வேலை. ஆன்ரியின் பெரும்படைப்பான 'யோவானின் வெளிப்பாடு' 1968-இல் அரங்கேறியதற்குப் பின்னால் ரதீக்கின் உழைப்பும் இருந்தது. ஐரோப்பிய மின்னணு இசையில் பெண்கள் பலர் அன்று வகித்த இடம் இதுதான்: நாடா அவர்கள் கையில், பெயர் வேறொருவருடையது. ஆனால் ஆன்ரி கொடுத்த இரண்டு டேப் ரெக்கார்டர்கள் ரதீக்கின் வீட்டுக்கு வந்தபோது, அவை வேறொரு இசைக்கு வழிவிட்டன.

மைக்கை ஒலிபெருக்கியின் அருகில் கொண்டுபோனால் கூச்சலிடும் என்பது நாம் அறிந்ததே. கல்யாண வீட்டில் மைக் செட் போடுகிறவர் எதை அடக்கப் படாதபாடு படுகிறாரோ, அதையே ரதீக் தம் இசையின் மூலப்பொருளாக எடுத்துக்கொண்டார். மைக்கைச் சற்றுக் கிட்டக் கொண்டுபோனால் அலறல். சற்று விலக்கினால் மௌனம். இவ்விரண்டுக்கும் இடையே ஒரு மெல்லிய எல்லை உண்டு. அங்கே ஒலி நடுங்கியபடி நிற்கும். மிகச் சிறிய அசைவும் அதன் நிறத்தை மாற்றிவிடும். அந்த எல்லையில் பொறுமையாக நிற்பதே அவருடைய கலையாயிற்று. 'உஸ்ரால்' (1969), 'ஓப்பஸ் 17' (1970) முதலியவை இவ்வாறு பிறந்தவை. 1970-இல் வெளியிட்ட மற்றொரு படைப்பின் நாடாவை எந்த வேகத்திலும், எந்தத் திசையிலும் ஓட்டிக் கேட்கலாம் என்று கேட்பவரிடமே விட்டுவிட்டார். வெட்டி ஒட்டுவதை இலக்கணமாகக் கொண்ட ஆசிரியர்களின் பள்ளியில் இத்தகைய நீண்ட ஒலிகளுக்கு இடமில்லை. ரதீக் முதலில் விட்டது அந்தக் கத்தரிக்கோலைத்தான் எனலாம்.

1970-71-இல் நியூயார்க் சென்றார். அங்கே பல்கலைக்கழக ஒலிக்கூடம் ஒன்றில், பின்னாளில் கணினி இசையில் பெயர்பெற்ற லாரி ஸ்பீகலோடு பகிர்ந்துகொண்டு, புக்லா சிந்தசைசரில் வேலை செய்தார். பின் ஏஆர்பி 2500 என்ற இயந்திரத்தைத் தேர்ந்து, வாங்கிப் பாரிஸுக்குக் கொண்டுவந்தார். அதனுடன் வந்த விசைப்பலகையை மட்டும் நியூயார்க்கிலேயே விட்டுவிட்டார். இச்சிறு செய்தி நமக்கு முக்கியமாகப் படுகிறது. விசைப்பலகை கையருகில் இருந்தால் விரல்கள் பழகிய ஸ்வரங்களைத் தேடிப் போகும். மெட்டு ஒன்று வந்து உட்கார்ந்துகொள்ளும். அதை அவர் வேண்டாமென்றார். திருகுகளை மயிரிழை அளவு திருப்பி ஒலிகளை உருவாக்குவதே அடுத்த 30 ஆண்டுகளுக்கு அவருடைய வேலை. ஒரே இயந்திரம், ஒரே வீடு, பெரும்பாலும் தனிமை.

அவ்விசை எப்படியிருக்கும்? தொடக்கத்தில் ஒன்றுமே நிகழாததுபோல் தோன்றும். தாழ்ந்த ஒரு கார்வை, அதன்மேல் இன்னொன்று. இரண்டின் சுருதியும் மயிரிழை விலகி நிற்பதால் அலையடிப்பு ஒன்று எழும். தம்புராத் தந்திகளைச் சேர்க்கும்போது, சுருதி முற்றிலும் சேர்வதற்கு முன் கேட்குமே, அந்த அசைவு. அலையடிப்பின் வேகம் சிறுகச் சிறுக மாறும். மேலே மெல்லிய மேல்தொனிகள் தோன்றி மறையும். மாற்றம் நிகழும் கணத்தை நம்மால் பிடிக்கவே முடியாது. சில நிமிடங்கள் கழித்து, நாம் வேறோர் இடத்தில் இருக்கிறோம் என்பது மட்டும் தெரியும். மாலை வெளிச்சம் குறைவதைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டிருந்தும், இருட்டியது எப்போது என்று சொல்ல முடிவதில்லை அல்லவா, அதுபோல.

இந்த அமைதிக்குப் பின்னால் கடும் உழைப்பு இருந்தது. ஒலிகளைத் தனித்தனி நாடாக்களில் நீளமாகப் பதிவுசெய்து, பின் பல டேப் ரெக்கார்டர்களை ஒருசேர ஓடவிட்டு, ஒன்றை மெல்ல ஏற்றி மற்றொன்றை மெல்ல இறக்கி, ஒரே மூச்சில் கலக்க வேண்டும். ஒரு படைப்பின் நீளம் ஒரு மணி நேரத்தை ஒட்டியது. ஐம்பதாவது நிமிடத்தில் கை தவறினால் மீண்டும் முதலிலிருந்து. ஆண்டுக்கணக்கில் ஒரே படைப்பில் அவர் தங்கியிருந்ததற்குக் காரணம் இதுவே.

இசைக்கடைகளில் அவருடைய குறுந்தகடுகள் 'ஆம்பியன்ட்' என்ற அடுக்கில் வைக்கப்பட்டன. அப்பெயரைப் பரவலாக்கிய பிரையன் ஈனோ, தம் 1978-ஆம் ஆண்டு விமான நிலைய இசைத்தட்டை ஒட்டி, இவ்வகை இசை கவனித்துக் கேட்பவருக்கும் கவனிக்காமல் விடுபவருக்கும் இடம் தரவேண்டும் என்று விளக்கினார். ரதீக்கின் இசையை அப்படிப் பின்னணியாக வைத்தால், தூரத்து மோட்டாரின் ஓசையாகச் சுருங்கிவிடும். உட்கார்ந்து கேட்டால்தான் அது இருக்கிறது. வெளித்தோற்றத்தில் உடன்பிறப்புகள்போல் தெரியும் இவ்விரண்டு இசைகளும் கேட்பவரிடம் கோருவது வெவ்வேறு.

1970-களின் நடுவில், கலிபோர்னியாவின் மில்ஸ் கல்லூரியில் 'அத்னோஸ்' ஒலித்தபின், பிரெஞ்சு மாணவர்கள் சிலர் அவரிடம் வந்து, இவ்விசையை உண்மையில் செய்தது நீங்கள் அல்லர் என்ற பொருளில் ஏதோ சொன்னார்களாம். அதைத் தொடர்ந்து திபெத்திய பௌத்தத்தின்பால் சென்றார். மூன்றாண்டுகள் இசையை முற்றிலும் நிறுத்தினார். இசைக்குத் திரும்பும்படி சொன்னவர் அவருடைய ஆசிரியரான பாவோ ரின்போச்சேதான். திரும்பி வந்தவர் 'அத்னோஸ்' வரிசையை முடித்தார், மிலரேபாவின்பால் சென்றார். மிலரேபா பதினோராம், பன்னிரண்டாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த திபெத்திய யோகி, கவி. குரு மார்ப்பா அவரைக் கோபுரம் கட்டச் சொல்லி, கட்டியதை இடிக்கச் சொல்லி, மீண்டும் கட்டச் சொன்னார் என்பது புகழ்பெற்ற கதை. ஐம்பதாவது நிமிடத்தில் கை தவறி, முதலிலிருந்து தொடங்கிய ஒருவருக்கு இக்கதை அயலாகத் தோன்றியிருக்காது. 'மிலரேபாவின் பாடல்கள்' (1983) என்ற படைப்பில் லாமா குங்கா ரின்போச்சே திபெத்திய மொழியிலும், இசையமைப்பாளர் ராபர்ட் ஆஷ்லி ஆங்கிலத்திலும் குரல் தந்தனர்.

அவருடைய ஆக்கங்களில் தலையாயதாகப் பலராலும் கருதப்படுவது மூன்று மணி நேர 'மரண முத்தொகுதி'. முதற்பகுதியான 'க்யேமா' (1988), மரணத்துக்கும் மறுபிறப்புக்கும் இடைப்பட்ட நிலைகளைப் பேசும் திபெத்திய நூலிலிருந்து உருக்கொண்டது. அதன்பின், 1989-இல், அவருடைய மகன் கார் விபத்தில் இறந்தார். மரணத்தைப் பற்றிய இசையைத் தொடங்கியவர், அதன் நடுவிலேயே மரணத்தைச் சந்திக்க நேர்ந்தது. இரண்டாம் பகுதியான 'கைலாஷா' (1991) கயிலை மலையை மனத்தால் வலம்வருவது. அவ்வாண்டே ஆசிரியரும் மறைந்தார். மூன்றாம் பகுதியான 'கூமே' 1993-இல் நிறைவுற்றது. இவற்றில் எங்கும் அழுகையின் சாயல் இல்லை. திருகுகள் முன்போலவே மெல்லத் திரும்புகின்றன. துயரத்தைச் சொல்ல அவர் புதிய மொழி எதையும் தேடவில்லை; ஏற்கெனவே தம்மிடம் இருந்த மொழி அதைத் தாங்குமா என்று பார்த்தார். தாங்கியது.

இரண்டாயிரத்தில் வெளிவந்த 'லீல் ரெ-சோனாந்த்' அவருடைய கடைசி மின்னணுப் படைப்பு. ஆஸ்திரியாவின் ஆர்ஸ் எலக்ட்ரானிக்கா 2006-இல் அதற்குத் தலையாய பரிசை வழங்கியது. மின்னணுவியலுக்கான அப்பெருமை வந்தபோது அவர் இயந்திரத்தை விட்டு வெளியேறியிருந்தார். காஸ்பர் டோப்லிட்ஸ் வேண்டிக்கொண்டபடி எலக்ட்ரிக் பேஸ் கிட்டாருக்கு ஒரு படைப்பு (2004). சார்ல்ஸ் கர்டிஸின் செல்லோவுக்கு 'நால்ஜோர்லாக்' (2005). செல்லோவில் 'ஓநாய் ஸ்வரம்' என்று ஒன்று உண்டு. அவ்விடத்தில் வாத்தியத்தின் உடல் தந்தியோடு முரண்பட்டு உறுமும். வாசிப்பவர்கள் அதைத் தவிர்க்கவே முயல்வார்கள். கர்டிஸ் தம் வாத்தியத்தின் தந்திகளையும் பாகங்களையும் அந்த ஸ்வரத்தை ஒட்டியே இசைவித்தார். மைக்கின் கூச்சலை இசையாக்கிய பெண்மணி, 35 ஆண்டுகளுக்குப்பின் மீண்டும் ஒரு வாத்தியக் குறையிலிருந்தே தொடங்கினார்.

2011-இல், ஏறக்குறைய எண்பது வயதில், ஹார்ப் கலைஞர் ரோட்ரி டேவிஸுடன் 'ஒக்காம்' வரிசையைத் தொடங்கினார். இதில் எழுதப்பட்ட ஸ்வரக்குறிப்பே கிடையாது. கலைஞர் அவர் வீட்டுக்கு வருவார். நீர் சார்ந்த ஒரு காட்சியை, ஓர் ஆற்றையோ கடலையோ, மனத்தில் நிறுத்திக்கொள்வார். வாசிப்பார், ரதீக் கேட்பார், பேசுவார்கள், மீண்டும் வாசிப்பார். படைப்பு அந்தக் கலைஞரின் நினைவிலும் விரல்களிலும் மட்டுமே இருக்கும். ஒரு வாத்தியத்துக்கானவை, இருவருக்கானவை, முழு இசைக்குழுவுக்கானவை என இவ்வரிசை வளர்ந்தது.

இங்கே நமக்கு ஒரு தயக்கம் எழுகிறது. நாடாவில் இருந்த 'மரண முத்தொகுதி' நூறாண்டுகள் கழித்தும் அப்படியே கேட்கக் கிடைக்கும். கலைஞரின் உடலில் இருக்கும் 'ஒக்காம்' அவரோடு போய்விடக்கூடும். ஒலிப்பதிவு இருக்கலாம், ஆனால் அது படைப்பல்ல, ஒருநாள் அது நிகழ்ந்ததன் சுவடு மட்டுமே. பதிவின் நூற்றாண்டில் வாழ்ந்து, பதிவையே தம் கலையாகக் கொண்டிருந்த ஒருவர், இறுதியில் ஏன் எல்லாவற்றிலும் நிலையற்றதான மனித நினைவை நம்பினார்?

குருவிடமிருந்து சீடனுக்கு வாய்மொழியாகக் கையளிக்கும் திபெத்திய மரபு அவருக்கு இதைக் கற்பித்திருக்கலாம். ஆனால் அவருடைய இசையின் போக்கிலேயே விடை இருப்பதாக நாம் கருதுகிறோம். ஒலி மாறிக்கொண்டேயிருப்பது, எந்தக் கணத்திலும் அதைப் பிடித்து நிறுத்த முடியாது என்பதே அவர் இசை முழுவதும் சொல்லிவந்தது. அந்த இசை ஒலிநாடாவில் மட்டும் மாறாமல் நின்றது. கடைசியாக அந்த முரணையும் அவர் களைந்தார். இழப்பின் அபாயத்தை அறிந்தே செய்தார் என்பதில் ஐயமில்லை. கத்தரிக்கோல், விசைப்பலகை, இயந்திரம், எழுத்து என்று ஒவ்வொன்றாக விட்டபின் எஞ்சியது, ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்பது. இசைக்கு அவ்வளவு போதும் என்று அவர் நம்பினார். 'க்யேமா'வின் ஒரு மணி நேரத்தைப் பொறுமையோடு கேட்டு முடிக்கும் வாசகருக்கும் அது நம்பத்தகாததாகத் தோன்றாது.