பக்கத்து வீட்டுச் சத்தம்

நான் வளர்ந்த பிளாட்டில் சுவர்கள் மெல்லியவை. பக்கத்து வீட்டுப் பையன் இரவு ஒன்பது மணிக்கு மேல் அடிக்கடி அழுவான். அடம்பிடித்து அழுவதற்கும் அடிவாங்கி அழுவதற்கும் உள்ள வித்தியாசம் பத்து வயதிலேயே எனக்குத் தெரிந்தது. அம்மா டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பார். "அது அவங்க வீட்டு விஷயம்டா, நமக்கு எதுக்கு?" ஒருநாள் அவர்கள் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனார்கள். அந்தப் பையன் என்ன ஆனான் என்று எங்கள் மாடியில் யாருக்கும் தெரியாது.

இப்போது கட்டுமானத் தளத்தில் பொறியியலாளராக வேலை செய்கிறேன். அங்கே தளர்ந்த போல்ட்டைக் கண்டவர், தேநீர் கலக்குபவராக இருந்தாலும், சொல்லியே ஆக வேண்டும். ஆள் விழுந்த பிறகு சொல்லிப் பயனில்லை. இந்தப் பழக்கத்தோடுதான் மலேசியக் குழந்தைப் பாதுகாப்புச் சட்டங்களை வாசித்தேன். என் கேள்வி ஒன்றே ஒன்று: கண்ணால் கண்டவர் சொல்ல வேண்டும் என்று சட்டம் யாரிடம், எப்போது கேட்டது?

பாட்டி ரப்பர் தோட்டத்தில் மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்குப் போகும்போது கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் போவாராம். வரிசையாகத் தூளிகள், நடுவில் ஒரு வயதான ஆயா. தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டு தொழிலாளர் சட்டம். பிள்ளை அதில் தொழிலாளியின் பின்னால் வரும் சுமையாகத்தான் இருந்தது. தோட்டத்தைப் பொற்காலமாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. லயத்திலும் அடி இருந்தது, கள்ளு இருந்தது. ஆனால் தினமும் பிள்ளையைக் குளிப்பாட்டிய ஆயாவின் கண்ணுக்கு முதுகில் இருக்கும் தழும்பு தப்பாது. தோட்டங்கள் விற்கப்பட்டு நாங்கள் பிளாட்டுக்கு வந்தபோது அந்தக் கண் எங்களோடு வரவில்லை.

நகரத்தில் முதலில் பார்க்கத் தொடங்கியவர்கள் மருத்துவர்கள். 1985இல் கோலாலம்பூர் மருத்துவமனையில், சித்திரவதைக்கும் புறக்கணிப்புக்கும் ஆளானதாகச் சந்தேகிக்கப்படும் குழந்தைகளுக்கென ஒரு குழு அமைந்தது. மருத்துவரும் சமூகநல அதிகாரியும் சேர்ந்து உட்கார்ந்து எலும்பு முறிவுகளை ஆராய்ந்தார்கள். 'கட்டிலில் இருந்து விழுந்துவிட்டான்' என்ற பதிலை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல் இருக்கக் கற்றார்கள்.

1990இல் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று சித்திரவதையால் இறந்தது. நம் இனத்துப் பிள்ளை. பெயர் அன்றைய நாளிதழ்களில் இருக்கிறது, இங்கே அது வேண்டாம். நாடே கொதித்தது. மறுவருடம் குழந்தைப் பாதுகாப்புச் சட்டம் 1991 நிறைவேறியது. 1993இல் அமலுக்கு வந்தது. சந்தேகம் எழுந்தால் மருத்துவர் தெரிவித்தே ஆக வேண்டும் என்றது அது. 2001ஆம் ஆண்டு குழந்தைகள் சட்டம் அந்தக் கடமையைக் குடும்பத்தாருக்கும் பராமரிப்பாளருக்கும் விரித்தது. 2016 திருத்தத்தில் தண்டனை ஏறியது: அதிகபட்சச் சிறை பத்து ஆண்டிலிருந்து இருபது ஆண்டாகவும், அபராதம் 20,000 வெள்ளியிலிருந்து 50,000 வெள்ளியாகவும் ஆனது.

பக்கத்து வீட்டுக்காரர் இந்த வரிசையில் இல்லை. 2017ஆம் ஆண்டு குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம்தான் முதன்முறையாக எல்லாரையும் சேர்த்தது: தெரிந்தும் போலீஸில் சொல்லாதவருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம். அது பாலியல் குற்றத்துக்கு மட்டும். அடிக்கும் பட்டினிக்கும் மெல்லிய சுவருக்கு இந்தப் பக்கம் இருப்பவர் இன்னும் சாட்சி மட்டுமே. தண்டனையை இரண்டு மடங்காக்கினோம். சொல்ல வேண்டியவர்களின் பட்டியலை அந்த அளவுக்கு நீட்டவில்லை. தண்டனை எப்போதுமே விழுந்த பிறகு வருவது.

போன மாதம் அம்மாவிடம் கேட்டேன்: "அப்பவே யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?" அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "யார்கிட்ட சொல்றதுன்னு தெரியலடா. சொன்னா நம்மளத்தானே கேப்பாங்க?"

அம்மாவைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. டிவி சத்தத்தில் நானும்தான் அந்த அழுகையை மறந்தேன். இன்று தாலியான் காசே 15999 என்ற எண் இருக்கிறது. நல்லெண்ணத்தோடு தகவல் சொல்பவரைச் சட்டம் காக்கிறது. அந்த எண்ணை அம்மாவின் கைப்பேசியிலும் என்னுடையதிலும் பதிந்து வைத்தேன். இப்போது நான் வாடகைக்கு இருக்கும் வீட்டிலும் சுவர்கள் மெல்லியவைதான்.